ஏமாற்றாத சாவு: 'அசுரா' நிகழ்பட ஆட்டம் பற்றிய ஆட்டக்காரர் கருத்துகளும் நெல்லைப் போர்க்கதை மரபும்

ஆய்வுச் சுருக்கம்

ஐதராபாத்தில் உருவாக்கப்பட்டு 2017இல் வெளிவந்த 'அசுரா' என்னும் நிகழ்பட ஆட்டம், பழம்பாணியில் அமைந்த வெட்டுவகை ஆட்டமாகும். தகுதிக்கு ஏற்ற கவனத்தை அது பெறவில்லை. இத்தகைய ஆட்டங்களை மதிப்பிடுகையில் ஆட்டக்காரர் முன்வைக்கும் அளவுகோல்களுள் முதன்மையானது 'சாவின் நேர்மை' என்பதையும், அவ்வளவுகோலைத் தாமிரபரணிக் கரையின் முத்துப்பட்டன் கதையோடு ஒப்பிட்டால் அவ்வாட்டத்தின் வலிமையும் குறையும் துலங்கும் என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: நிகழ்பட ஆட்டம், அசுரா, முத்துப்பட்டன் கதை, வில்லுப்பாட்டு, கரந்தை, சூரசம்ஹாரம்

முன்னுரை

நாட்டார் வழக்காற்றியல் வகுப்பில் முத்துப்பட்டன் கதையை நடத்திக்கொண்டிருந்தபோது, பாளையங்கோட்டையைச் சேர்ந்த மாணவர் ஒருவர் எழுந்து, "பட்டனைப் பின்னாலயிருந்து குத்துனது ஏமாத்துதானே சார்? கேம்ல இப்படிக் கொன்னுட்டுன்னா அணைச்சிட்டுப் போயிருவேன். என் தப்புல செத்தா மட்டும்தான் இன்னொரு தடவ ஆடத் தோணும்" என்றார். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. கதைமாந்தரின் சாவை நேர்மையானது, நேர்மையற்றது எனப் பகுத்து, அப்பகுப்பையே சுவைப்பின் அளவுகோலாக அவர் கொண்டிருந்தார். நம் பாடநூல்களில் அப்படியோர் அளவுகோல் இல்லை.

அவர் அப்போது ஆடிக்கொண்டிருந்த ஆட்டம் 'அசுரா'. அதன்பின் அவரோடும் அவருடைய நண்பர் சிலரோடும் உரையாடினேன். நானும் தட்டுத்தடுமாறி ஆடிப்பார்த்தேன். இது வினாநிரல் வழங்கிக் கணக்கெடுத்த கள ஆய்வன்று. ஆட்டக்காரர் வாய்மொழியாகச் சொல்லும் மதிப்பீடுகளைத் திறனாய்வுக் கூற்றுகளாகக் கொண்டு பொருள் காணும் முயற்சி மட்டுமே.

வெட்டுவகையின் பழமை

'ஹேக் அண்ட் ஸ்லாஷ்' என்னும் பெயர் கணினியாட்டங்களில் பிறந்ததன்று. 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' முதலிய மேசையாட்டங்களில் கதைக்கு இடம் கொடாமல் வெட்டுவதையே வேலையாகக் கொண்ட ஆட்டமுறையைக் குறிக்க அச்சொல் வழங்கியது. அதில் சற்று ஏளனமும் இருந்தது. பின்னர்க் கணினியாட்டங்களில் அது ஒரு வகையின் பெயராக நிலைத்தது. மேலிருந்து நோக்கும் காட்சிக்கு அட்டாரி நிறுவனத்தின் 'காண்ட்லெட்' (1985), பக்கவாட்டுக் காட்சிக்குச் சேகா நிறுவனத்தின் 'கோல்டன் ஆக்ஸ்' (1989), கொள்ளைப்பொருள் சேர்த்து வலுப்பெறும் முறைக்கு 'டயாப்லோ' (1996) ஆகியன முன்மாதிரிகள். 'கோல்டன் ஆக்ஸ்' ஆட்டத்தின் மூன்று வீரருமே உறவினரைக் கொன்றவன்மேல் பழிதீர்க்கப் புறப்பட்டவர்கள். கதை எவ்வளவு மெலிந்திருந்தாலும், வாளைத் தூக்குவதற்கு ஓர் அநியாயச் சாவு தேவைப்படுகிறது என்பதை இங்கே குறித்துக்கொள்ளலாம்.

இவற்றோடு 1980இல் தோன்றிய 'ரோக்' என்னும் ஆட்டத்தின் மரபும் கலந்தது. இதில் ஒவ்வொரு முறையும் நிலவறை புதிதாக அமையும். வீரன் செத்தால் செத்ததுதான், முதலிலிருந்து தொடங்க வேண்டும். சாவு இங்கே ஆட்டத்தின் இலக்கணமாகிறது. தமிழில் இவ்வகையை 'வெட்டுவகை ஆட்டம்' என இக்கட்டுரை குறிக்கிறது. 'ஆட்டம்' என்ற சொல்லைத் தேடி எடுக்க வேண்டியிருக்கவில்லை. சாமியாட்டம், கணியான் ஆட்டம் என்று நெல்லை வட்டாரத்தில் அது ஏற்கெனவே விளையாட்டைக் கடந்த பொருளில் வாழ்கிறது.

'அசுரா'வும் அதனை ஆடியோரும்

'ஓகர் ஹெட் ஸ்டுடியோ' என்னும் ஐதராபாத்துச் சிறு குழுவின் படைப்பு 'அசுரா'. பாதி அசுரப்பிறவியான தலைவன், தன்னையும் தன் பெற்றோரையும் கொன்றதற்குப் பழிவாங்க மீண்டெழுகிறான். மேலிருந்து நோக்கும் காட்சி, ஒவ்வொரு முறையும் மாறி அமையும் களங்கள், மாறும் திறன்கள், வாள்வீச்சு, சாவு, மறுதொடக்கம் ஆகியவற்றால் ஆனது ஆட்டம். இந்தியத் தொன்மத்தை அயலார்க்கு விளக்கிக் காட்டும் பரபரப்பு அதில் இல்லை. தொன்மம் சுவரிலும் ஆயுதத்திலும் பகைவரின் உருவத்திலும் இயல்பாகக் கிடக்கிறது.

நான் உரையாடியவர்கள் இதனைப் பாராட்டியபோது முதலில் சொன்னது 'அடி விழுது' என்பது. இச்சொற்றொடரை எளிதாகக் கடந்துவிடக் கூடாது. வீச்சுக்கும் பகைவன் நிலைகுலைவதற்கும் இடையிலான கணநேர ஒத்திசைவு, ஒலி, அதிர்வு ஆகிய மூன்றும் கூடிக் கைக்கு ஒரு கனத்தைத் தருவதையே அவர்கள் அவ்வாறு சொல்கின்றனர். மெய்ப்பாட்டியல் படித்தவர்க்கு இது புதிராகாது. உள்ளத்துணர்வு உடலில் வெளிப்படுவதை அங்கே பேசுகிறோம், இங்கே உடலிலிருந்து உள்ளத்துக்குச் செல்லும் வழி பேசப்படுகிறது. அடி விழாத ஆட்டத்தை எந்த ஓவிய அழகாலும் காப்பாற்ற முடிவதில்லை. புனேயைச் சேர்ந்த 'நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ்' 2020இல் வெளியிட்ட 'ராஜி' இதற்குச் சான்று. அதன் கட்டடங்களும் வண்ணமும் பரவலாகப் புகழப்பட்டன. சண்டை விறைப்பாக உள்ளது, முடிவு திடுமென வந்துவிடுகிறது என்ற குறைகளும் அதே அளவுக்குச் சொல்லப்பட்டன. 'அசுரா' அடைந்த புகழ் 'ராஜி'யினதைவிடக் குறைவு. ஆயினும் சண்டையை மட்டும் தனியே எடுத்து நோக்கினால் 'அசுரா'வே மேல் என்பது என் கருத்து.

அடுத்த பாராட்டுத்தான் தொடக்கத்தில் கண்ட சாவின் நேர்மை. பகைவன் ஓங்குவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். விலகுவதற்கு நேரம் இருக்க வேண்டும். அதன்பின்னும் செத்தால் பழி ஆடுபவனுடையது. திரைக்கு வெளியேயிருந்து வரும் அம்பு, எழுந்திருக்குமுன் விழும் இரண்டாம் அடி ஆகியன 'ஏமாத்து'. கடினம் வேறு, ஏமாற்று வேறு என்பதில் ஆட்டக்காரர்கள் மிகத் தெளிவாக இருக்கின்றனர். கடினத்தை அவர்கள் விரும்பியே தேடுகின்றனர்.

குறையாகச் சொல்லப்பட்டது ஒன்று: சலிப்பு. களம் மாறினாலும் செய்வது மாறவில்லை என்பது. இக்குறைக்கு விடை காண முத்துப்பட்டனிடம் திரும்ப வேண்டியிருக்கிறது.

பட்டன் பட்ட சாவு

நா. வானமாமலை பதிப்பித்த 'முத்துப்பட்டன் கதை' ஆய்வாளர் அனைவரும் அறிந்தது. ஆதலால் கதையை விரிக்காமல் போரை மட்டும் காண்போம். அந்தணனான பட்டன், வாலப்பகடையின் மகளிர் பொம்மக்கா, திம்மக்காவை மணக்கப் பூணூலும் குடுமியும் துறந்து செருப்புத் தைக்கக் கற்கிறான். மணம் முடிந்த கையோடு மாடுகளைக் கள்வர் கவர்ந்த செய்தி வருகிறது. சென்று பொருது வெல்கிறான். பின்னர் ஓடையில் குருதியைக் கழுவுகையில் ஒளிந்திருந்த ஒருவன் குத்த, மாள்கிறான். ஆநிரை மீட்டலாதலின் இது கரந்தை. மீட்டவன் படுவதும் கல்லாகி நிற்பதும் புறத்திணை கண்ட துறைகளே. ஆனால் புறத்திணை வீரன் களத்தில் எதிர்நின்று படுகிறான். பட்டனோ போர் முடிந்தபின், வாளை வைத்தபின் படுகிறான். கதையின் கனம் முழுவதும் இந்த வேறுபாட்டில் இருக்கிறது.

கொடைவிழாவில் இதனைக் கேட்டவர்கள் அறிவர்: மாடு மீட்கும் சண்டையில் வீசுகோல் வில்நாணில் விரைகிறது, குடமும் உடுக்கையும் நெருக்குகின்றன, 'அடி விழுகிறது'. ஓடைக்கரையில் பாட்டு தளர்கிறது. வில்லுப்பாட்டை விரிவாக ஆய்ந்த ஸ்டூவர்ட் பிளாக்பர்ன், தெய்வப் பிறப்புக் கதைகளினும் அநியாயமாய் மாண்டோர் கதைகளின் நிகழ்த்துதலிலேயே சடங்கின் செறிவு மிகுதல் குறித்து எழுதியுள்ளார் (1988). இவ்வாறு மாண்டோரைத் தென்மாவட்ட வழக்கு 'வெட்டுப்பட்ட வாதை' என்கிறது. வெட்டுவகை ஆட்டத்தில் நம் கவனம் வெட்டுபவன்மேல் இருக்கிறது. நெல்லை மரபின் கவனம் வெட்டுப்பட்டவன்மேல்.

இப்போது மாணவர் கேள்விக்கு வரலாம். நேர்மையற்ற சாவைக் கண்டால் ஆட்டக்காரர் ஆட்டத்தை அணைத்துவிடுகிறார். கொடையில் அமர்ந்திருப்பவர் எழுந்துபோவதில்லை. அவருக்கு அதுதான் வழிபாட்டின் தொடக்கம். காரையாற்றுச் சொரிமுத்தையனார் கோயிலில் பட்டவராயனுக்குத் தோற்செருப்பைக் காணிக்கையாகக் கட்டித் தொங்கவிடுகின்றனர். கட்டிய செருப்பு நாளடைவில் நடந்து தேய்ந்தது போலத் தேய்ந்திருக்கும் என்பது அங்குள்ள நம்பிக்கை. கதைக்குள் பட்டனுக்கு மறுதொடக்கம் கிடையாது. ஆதலால் கேட்போர் கதைக்கு வெளியே, மலையடிவாரத்தில், அவனை மறுபடி நடக்க விடுகின்றனர். ஆட்டத்தில் ஒரு பொத்தான் செய்வதை இங்கே ஓர் ஊரே கூடிச் செய்கிறது.

பேசாத சாவும் பேசும் சாவும்

'அசுரா'வின் தலைவனும் வெட்டுப்பட்ட வாதையே. அநியாயமாய்ச் செத்து, நீதி கிடைக்காமல் எழுந்து வருகிறான். அவன் பெயரைச் சுடலைக் கோயில் ஒன்றில் எழுதி வைத்தாலும் அயலாகத் தோன்றாது. ஆனால் அந்த முதற்சாவுக்குப் பின் நாம் ஆடுகையில் நேரும் நூறு சாவுகளுக்கு ஆட்டத்தில் பொருள் இல்லை. அவை கணக்கு, திறனைப் பெருக்கிக்கொண்டு மீண்டும் புறப்பட வேண்டியதுதான். ஆட்டக்காரர் சொன்ன சலிப்பு இங்கிருந்து வருவதாகவே கருதுகிறேன். செயல் திரும்ப வருவது சலிப்பாகாது. இரவெல்லாம் ஒரே மெட்டைக் கேட்டுப் பழகியவர்கள் நாம். திரும்ப வரும் செயலுக்கு யாரும் துக்கங்கூட விசாரிக்காததே சலிப்பாகிறது.

இதே கட்டமைப்பில், 'அசுரா'வுக்குப் பின் முழுவடிவில் 2020இல் வந்தது அமெரிக்கச் 'சூப்பர்ஜயண்ட் கேம்ஸ்' நிறுவனத்தின் 'ஹேடஸ்'. அதுவும் மேற்காட்சி, தொன்மம், சாவு, மறுதொடக்கம் ஆகியன உடையது. கிரேக்கக் கீழுலகிலிருந்து தப்ப முயலும் இளைஞனின் கதை. ஒவ்வொரு முறை சாகும்போதும் அவன் தந்தையின் வீட்டுக்கே திரும்புகிறான். அங்குள்ளோர் அந்தச் சாவைப் பற்றிப் பேசுகின்றனர், கேலி செய்கின்றனர், வருந்துகின்றனர். கதை சாவின் வழியே நகர்கிறது. 2021இல் ஹியூகோ விருது வழங்குவோர் நிகழ்பட ஆட்டத்துக்கெனச் சிறப்பாக ஏற்படுத்திய பரிசை அது பெற்றது. இரு குழுக்களின் பொருள்வலிமையும் விளம்பரமும் ஒன்றல்ல என்பதை மறுக்கவில்லை. 'அசுரா' கவனம் பெறாமைக்குப் பெருங்காரணம் அதுவாகவே இருக்கக்கூடும். ஆனால் இறந்தவனோடு பேசும் கலையை நம் வில்லுப்பாட்டுப் புலவர்கள் கைவந்ததாகக் கொண்டிருக்க, அதனைக் கிரேக்கத் தொன்மத்தின் வழியாக உலகம் கண்டு வியந்தது என்பதில் எனக்குச் சிறு வருத்தம் உண்டு.

தோற்றவன் பெயரால்

அசுரனைத் தலைவனாக்கியது பற்றி மாணவர்களிடையே கருத்து வேறுபாடு இருந்தது. சிலர்க்கு அது புதுமை, ஒருவர்க்கு உறுத்தல். தமிழ் மரபு இதில் இரு புறமும் இடம் தருகிறது. ஆயிரம் யானைகளை வென்றவனைப் பாடும் பரணி, தோற்றவர் பெயரையே தன் பெயராகக் கொள்கிறது; வென்றது சோழன், நூலின் பெயர் கலிங்கத்துப்பரணி. (ஆயிரம் என எண்ணி வரையறுத்ததை ஆட்டக்காரர் அறிந்தால் மகிழ்வர், மதிப்பெண் பலகைக்கு முந்தைய மதிப்பெண் அது.) தாமிரபரணி கடல்சேரும் பகுதிக்குத் தெற்கே திருச்செந்தூர்க் கடற்கரையில், ஐப்பசிக் கந்தசஷ்டியின் ஆறாம் நாள் மாலை, சூரன் யானைமுகத்தோடு வந்து வீழ்கிறான், சிங்கமுகத்தோடு வருகிறான், தன் முகத்தோடு வருகிறான், மாமரமாகிறான். ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் முன்னினும் வலிய பகைவன் உருமாறி எதிர்ப்படுவதை ஆட்டக்காரர் 'பாஸ்' என்கின்றனர். திருச்செந்தூரில் அதற்குத் தலையை மாற்றிப் பொருத்துகின்றனர்.

அந்த உறுத்தல் கொண்ட மாணவர், சூரசம்ஹாரத்துக்கு ஆண்டுதோறும் செல்பவர். அவரிடம், அங்கே சூரனின் உருவத்தைச் சுமந்து ஓடுவது யார் என்று கேட்டேன். சற்று யோசித்து, "அதுவும் நம்ம ஆளுகதான் சார்" என்றார். அவ்வாரமே 'அசுரா'வைத் தம் கணினியில் ஏற்றிக்கொண்டதாகப் பின்னர்ச் சொன்னார்; முதல் களத்திலேயே பதினொரு முறை செத்தாராம், பதினொன்றும் தம் தப்புத்தான் என்றார்.