பச்சிளங் குழந்தைக்கு வேண்டிய பொருள்கள்

ஒரு கோட்டை விதைப்பாடு வயலுக்கு எவ்வளவு எரு வேண்டும், எவ்வளவுக்கு மேல் இட்டால் வீண் என்பதை நாஞ்சில் நாட்டு உழவருக்கு நாம் சொல்லித் தரவேண்டியதில்லை. ஆனால் அவ்வுழவரது இல்லத்தில் பேரக்குழந்தை பிறக்கும் சமயத்தில் இக்கணக்கு கைவிடப்படுவதைக் காண்கிறோம். தலைப்பிரசவம் பெண்ணின் பிறந்தகத்துப் பொறுப்பு என்பது நம் பக்கத்து வழக்கம். தாயும் சேயும் வீடு திரும்பும் நாள் தொடங்கிப் பெயரிடும் நாள் வரையில், தொட்டில், தள்ளுவண்டி, மெத்தை, முகமாவு, வாசனைத் தைலம் என்று கடைத்தெருவில் வாங்கிக் குவிப்பதற்காக நகையை அடகு வைப்பவர்களும் உண்டு. அதே வீட்டில் பிள்ளை பெற்றவளுக்கு மீனும் முட்டையும் கீரையும் பருப்பும் போதிய அளவில் கிடைக்கின்றனவா என்று விசாரித்தால், விடை திருப்தியளிப்பதாக இருப்பதில்லை.

பத்மநாபபுரத்தைச் சுற்றியுள்ள தக்கலை வட்டார ஊராட்சி உறுப்பினர்களும் குடும்பத் தலைவர்களும் இவ்விஷயத்தைச் சற்று ஆராய வேண்டுமென்று விரும்புகிறோம். இது பெண்கள் காரியம் என்று ஆண்கள் ஒதுங்குவது முறையன்று. பணப்பையின் கயிறு பெரும்பாலும் அவர்கள் கையில்தானே இருக்கிறது!

ஓராண்டு நிறைவதற்குள் இறந்துபோகும் குழந்தைகளில் பெரும்பகுதியினர் முதல் 28 நாள்களுக்குள்ளேயே இறக்கின்றனர் என்பது நம் நாட்டின் அனுபவம். குறைமாதப் பிறப்பு, எடைக் குறைவு, பிறக்கும்போது மூச்சுத் திணறல், கிருமித் தொற்று ஆகியவை இதற்கு முக்கிய காரணங்கள். ஆகவே எப்பொருளை வாங்க எண்ணினாலும் அதனிடம் நான்கு கேள்விகள் கேட்க வேண்டும். இது குழந்தையின் உடற்சூட்டைக் காக்குமா? தாய்ப்பாலுக்கு உதவுமா? தூய்மையைப் பேணுமா? ஆபத்தின்றி உறங்கச் செய்யுமா? நான்கிற்கும் இல்லையென்றே விடை வருமாயின் அப்பொருள் கடையிலேயே இருக்கட்டும்.

முதலாவது உடற்சூடு. பச்சிளங் குழந்தையின் உடல் வெப்பம் 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸ் வரை இருத்தல் வேண்டும். பெரியவர்களைப்போல் தன் சூட்டைத் தானே காத்துக்கொள்ளும் ஆற்றல் அதற்கு இல்லை. இதை அறிவதற்கு வெப்பமானி நல்லதே. அது இல்லாத வீட்டிலும் புறங்கை இருக்கிறது. குழந்தையின் பாதத்தையும் வயிற்றையும் புறங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். இரண்டும் இளஞ்சூடாக இருந்தால் கவலையில்லை. பாதம் மட்டும் குளிர்ந்திருந்தால் குழந்தை குளிரால் வருந்துகிறது என்று பொருள். வயிறும் குளிர்ந்திருந்தால் தாமதமின்றி மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

குளிர்ந்த குழந்தையைச் சூடாக்கும் சாதனம் எந்தக் கடையிலும் இல்லை. அது தாயின் மார்புதான். 1970-களின் இறுதியில் தென் அமெரிக்காவின் கொலம்பியா நாட்டுத் தலைநகர் போகோட்டாவில், குறைமாதக் குழந்தைகளை வைக்கும் வெப்பப் பெட்டிகள் போதாமல் மருத்துவர்கள் தவித்தனர். எட்கார் ரே என்ற மருத்துவர், குழந்தையைத் தாயின் மார்போடு தோலும் தோலும் ஒட்டும்படி நிமிர்த்தி வைத்து, மேலே துணியால் கட்டும் முறையைக் கொண்டுவந்தார். கங்காரு தன் குட்டியைப் பையில் சுமப்பதுபோல் இருந்ததால் கங்காரு முறை என்று பெயர் பெற்றது. ஏழை நாட்டின் மாற்று ஏற்பாடாகத் தொடங்கிய அது இன்று உலகெங்கும் ஏற்கப்பட்டுவிட்டது. குறைமாதக் குழந்தைகளுக்குப் பிறந்தவுடனேயே இதனைத் தொடங்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2022-இல் பரிந்துரைத்தது. இதற்கு வேண்டிய பொருள் ஒரு பருத்தித் துண்டு மட்டுமே. தாய் களைத்திருந்தால் தந்தையும் செய்யலாம், வெட்கப்படுவதற்கு ஒன்றுமில்லை.

அடுத்து, துணி. பச்சிளங் குழந்தைக்குப் பலமுறை துவைத்து மென்மையான பழைய வேட்டிக்கு நிகரான துணி வேறில்லை. நாலு முழ வேட்டி ஒன்றில் முக்கோணமாய் மடித்துக் கட்டத்தக்க சதுரத் துணிகள் ஆறு கிழிக்கலாம். நான்கு வேட்டிக்கு இரண்டு டஜன் ஆயிற்று. வேறு ஊர்களில் இது தாராளமாகப் போதும். நமது மாவட்டத்திற்கோ ஆனி ஆடியில் ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் ஒரு மழை என இரு பருவமும் உண்டு. அம்மாதங்களில் குழந்தை பிறக்குமானால் இன்னும் ஒரு டஜன் சேர்த்துக்கொள்வது நல்லது. ஏனெனில் ஈரம் உலராத துணி தோற்புண்ணுக்கு வழிகாட்டி. நன்றாகப் பால் குடிக்கும் குழந்தை, முதல் வாரம் கழிந்தபின், நாளொன்றுக்கு ஆறு முறைக்குக் குறையாமல் துணியை நனைக்கும். எனவே நனைந்த துணிகளை எண்ணுவது, பால் போதுகிறதா என்று அறியும் எளிய அளவுகோலுமாகும். சட்டைகள் முன்புறம் நாடா கட்டுவனவாக ஐந்தாறு இருந்தால் போதும். பித்தானும் ஊக்கும் சரிகையும் வேண்டா.

குளிப்பாட்டும் பொருள்களுக்கு வருவோம். பிறந்து 24 மணி நேரம் ஆகும் முன் குளிப்பாட்டலாகாது. பழைய திருவிதாங்கூர்ப் பகுதியில் குழந்தையைக் கமுகம்பாளையில் கிடத்திக் குளிப்பாட்டும் வழக்கம் இருந்தது. வழுக்காமலும் உறுத்தாமலும் இருக்கும் அப்பாளைக்கு முன் விலையுயர்ந்த ஞெகிழித் தொட்டிகள் எம்மாத்திரம்! பாளை புதியதாகவும் பூஞ்சணம் இல்லாததாகவும் இருக்கட்டும். தண்ணீரின் சூட்டை முழங்கையால் பார்த்தபின் ஊற்ற வேண்டும். தேங்காய் எண்ணெய் உடலில் தடவலாம். மூக்கிலும் காதிலும் விடக்கூடாது, மூக்கில் ஊதவும் கூடாது. தொப்புள்கொடி உலர்ந்து தானே விழும். அதன்மேல் சாம்பல், மஞ்சள், மாவு எதுவும் வைக்கலாகாது. குளித்தபின் சாம்பிராணிப் புகை காட்டுவது நுரையீரலுக்குக் கேடு. முகமாவும் அவ்வாறே, கொட்டும்போது பறக்கும் தூளைக் குழந்தை மூச்சோடு உள்ளிழுக்கிறது. குழந்தை பார்க்க வருகிறவர்கள் மாவு டப்பாவுக்குப் பதில் ஒரு சீப்புப் பழமோ, ஒரு டஜன் முட்டையோ கொண்டு வந்தால் பெற்றவளுக்குப் பயன்படும். கண்ணுக்கு மை இடுவதும் தவிர்க்கத்தக்கது. சில மைகளில் ஈயம் கலந்திருப்பது சோதனைகளில் தெரியவந்துள்ளது. இடும் விரலின் அழுக்கோ எப்போதும் கலந்திருக்கும். திருஷ்டிப் பொட்டு வேண்டுமென்று பாட்டிமார் வற்புறுத்தினால் குழந்தையின் உள்ளங்காலில் வைக்கச் சொல்லலாம்.

உணவைப் பொறுத்தமட்டில் வாங்கவேண்டிய பொருள் எதுவுமில்லை. பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் சீம்பால், பின்னர் ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். சர்க்கரைத் தண்ணீர், தேன், வசம்புச் சாறு, கடையில் விற்கும் வயிற்றுவலி மருந்துநீர் ஆகியவை வேண்டாதவை மட்டுமல்ல, கிருமியைக் கொண்டு சேர்ப்பவையும் ஆகும். இரப்பர்க் காம்பு வைத்த பாற்புட்டியைப் பற்றிச் சட்டமே இருக்கிறது. 1992-இல் இயற்றப்பட்டு 2003-இல் திருத்தப்பட்ட மத்தியச் சட்டம், குழந்தைப் பால்மாவுக்கும் பாற்புட்டிக்கும் விளம்பரம் செய்வதையும், தாய்மாருக்கு அவற்றை இலவசமாக வழங்குவதையும் தடை செய்கிறது. ஒரு பொருளை விற்கலாம், ஆனால் புகழ்ந்து பேசலாகாது என்று சட்டம் செய்யவேண்டி வந்ததென்றால் அதன் தீங்கை ஊகித்துக்கொள்ளலாம்.

குழந்தையால் மார்பில் உறிஞ்ச இயலாவிடினும், தாய் வேலைக்குச் செல்ல நேரினும் நம் பாட்டிமார் வைத்திருந்த சங்கே கைகொடுக்கும். பாலாடை என்றும் வழங்கும் அச்சிறு கிண்ணத்தை மருத்துவமனைகளில் எடை குறைந்த குழந்தைகளுக்குப் பிழிந்த தாய்ப்பாலைப் புகட்ட இன்றும் பயன்படுத்துகின்றனர். காம்புப் புட்டியைப்போல் இடுக்குகள் இல்லாததால் கழுவிக் கொதிக்க வைப்பது எளிது. வெள்ளிச் சங்குதான் வேண்டுமென்பதில்லை. துருப்பிடிக்காத எஃகுச் சங்கே போதும். தூய பாத்திரத்தில் பிழிந்து மூடி வைத்த பால் வீட்டில் நான்கு மணி நேரம் வரை கெடாது. நமது மாவட்டத்து முந்திரி ஆலைகளில் வேலை செய்யும் தாய்மார்கள் பலர் இதை அறிந்தால், புட்டி வாங்கும் அவசியமே நேராது.

உறக்கத்தில் கவனிக்கவேண்டியவை பல. குழந்தையை எப்பொழுதும் மல்லாத்தியே கிடத்த வேண்டும். அமெரிக்க நாட்டில் 1994-இல் இதனை வற்புறுத்தி ஓர் இயக்கம் தொடங்கப்பட்டபின், உறக்கத்தில் காரணம் தெரியாமல் இறக்கும் குழந்தைகளின் தொகை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. தலையணை, உருண்டை மெத்தை, பொம்மை, கனத்த கம்பளி ஆகிய எதுவும் குழந்தையின் முகத்தருகே இருத்தல் கூடாது. இறுக்கமான பாயின்மேல் மடித்த பருத்தி விரிப்பே சிறந்த மெத்தை. சேலைத் தொட்டில் நம் நாட்டின் சொத்து. அதைக் குறைகூற நமக்கு மனமில்லை. எனினும் அதில் குழந்தையின் உடல் வளைந்து, மோவாய் நெஞ்சில் முட்டி, மூச்சு தடைப்படக்கூடும். சற்று வளர்ந்த குழந்தைகள் துணி கழுத்தில் சுற்றி உயிரிழந்த செய்திகளும் நாளேடுகளில் வருகின்றன. ஆகையால் தொட்டிலை ஆள் பார்வையிலேயே ஆட்ட வேண்டும். உறங்கியதும் பாயில் இறக்கிவிடுவது நன்று. உத்தரத்துக் கொக்கியை மாதமொரு முறை ஆண்மக்கள் தொங்கிப் பார்க்கட்டும். குழந்தையை உட்காரவைத்து உருட்டும் சக்கர வண்டியைப் பின்னர் எவரேனும் பரிசளித்தாலும் ஏற்க வேண்டா. கனடா நாட்டில் 2004-இலேயே அதன் விற்பனை தடை செய்யப்பட்டுவிட்டது.

விலை கொடுத்து வாங்கத் தகுந்ததென்று நாம் ஐயமின்றிச் சொல்லக்கூடியது கொசுவலை. ஆனால் வலைக்குள் குழந்தையை வைத்துவிட்டு வலைக்கு வெளியே கொசுவை வளர்ப்பதில் பயனில்லை. நம் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் மரந்தோறும் கட்டியிருக்கும் பால்சிரட்டைகளில் மழைநீர் தேங்கினால், டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசு அதில் முட்டையிடும். பால்வெட்டு நிற்கும் மழைக்காலத்தில் சிரட்டைகளைக் கவிழ்த்து வைக்குமாறு தோட்டக்காரர்களிடம் சொல்வது ஊராட்சி உறுப்பினரின் கடமை.

தமிழக அரசு 2015-இல் தொடங்கிய குழந்தை நலப் பரிசுப் பெட்டகத் திட்டத்தைப் பலரும் அறிவர். அரசு மருத்துவமனைகளில் பிறக்கும் குழந்தைகளுக்கென வகுக்கப்பட்ட அப்பெட்டகத்தில் துண்டு, சட்டை, படுக்கை, கொசுவலை, அரைத்துணி, எண்ணெய், சோப்பு, நகவெட்டி, கிலுகிலுப்பை, கை கழுவும் திரவம், தாய்க்குச் சௌபாக்கிய சுண்டி லேகியம் என 16 வகைப் பொருள்கள் இடம்பெற்றன. கிலுகிலுப்பையைத்தான் எல்லோரும் முதலில் எடுத்துப் பார்ப்பார்கள். எம் கருத்தில் கை கழுவும் திரவமே அதில் தலையாய பொருள். குழந்தையைத் தூக்குகிற ஒவ்வொருவரும் கை கழுவினால், பாதித் தொல்லை வாசலிலேயே நின்றுவிடும்.

இத்தகைய பெட்டிக்கு மூத்த உதாரணம் ஐரோப்பாவிலுள்ள பின்லாந்து நாட்டில் இருக்கிறது. 1938-இல் அந்நாட்டரசு வறிய தாய்மாருக்குத் துணிமணிகள் அடங்கிய அட்டைப்பெட்டியை வழங்கத் தொடங்கிற்று. 1949 முதல் எல்லாத் தாய்மாருக்கும் அது உரியதாயிற்று. பெட்டியின் அடியில் சிறு மெத்தையை விரித்தால் அதுவே குழந்தையின் கட்டில். ஆனால் ஒரு நிபந்தனை: கருவுற்ற நான்காம் மாதம் முடிவதற்குள் தாய் மருத்துவரிடமோ நலவிடுதியிலோ தன்னைக் காட்டியிருக்க வேண்டும். 1930-களில் ஆயிரத்துக்கு 65 குழந்தைகளைப் பறிகொடுத்த அந்நாடு, இன்று குழந்தை இறப்பு மிகக் குறைந்த நாடுகளுள் ஒன்று. அட்டைப்பெட்டியா இதைச் செய்தது? பெட்டியை வாங்கப் போன தாய் மருத்துவரைக் கண்டதும், நாட்டின் சுகாதார வசதிகள் பெருகியதும் சேர்ந்து செய்தன. நம் ஊரிலும், கருவுற்றதைப் பதிந்துகொள்ளும் பெண்ணுக்குக் கிராம சுகாதாரச் செவிலியர் தரும் தாய் சேய் நல அட்டைதான் முதன்மையான குழந்தைப் பொருள் என்போம். பிறந்தவுடன் போடும் தடுப்பூசிகள், பின்னர் ஆறு, பத்து, பதினான்காம் வாரங்களில் போடவேண்டியவை, மாதந்தோறும் கூடும் எடை எல்லாம் அதில் ஏறுகின்றன. அரிசிப் பானைக்குள்ளும் அலமாரி மூலையிலும் அதைச் செருகி வைக்காமல், உறையிலிட்டு எளிதில் எடுக்குமிடத்தில் வைக்க வேண்டும்.

ஊராட்சிக்கு நேரடியாகத் தொல்லை தரும் பொருள் ஒன்றையும் குறிப்பிட வேண்டும். பயன்படுத்தியபின் எறியப்படும் காகித அரைக்கச்சைகளைச் சொல்கிறோம். பயணத்துக்கும், அடைமழை நாளுக்கும் அவை உதவும், மறுக்கவில்லை. ஆனால் அவற்றில் ஞெகிழியும் நீரை உறிஞ்சும் ரசாயனத் தூளும் உள்ளன. ஓடையிலோ, புத்தனார் கால்வாயிலோ எறிந்தால் ஊறிப் பெருத்து மடையை அடைக்கும்; அதன் பலனைக் கடைமடை உழவர் அனுபவிப்பார். 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகள் இவற்றை உறையிற் சுற்றித் தனியே ஒப்படைக்குமாறு பணித்தன. தூய்மைக் காவலரிடம் மற்றக் குப்பையோடு கலக்காமல் கொடுப்பதற்கு ஊராட்சி ஏற்பாடு செய்யட்டும். வேட்டித் துணிகளைத் தைத்து, வெயிலில் உலர்த்தி, கட்டாக விற்கும் வேலையை மகளிர் சுய உதவிக் குழுக்களுக்குத் தரலாமென்பது எம் யோசனை. தையல் இயந்திரம் உள்ள குழுக்கள் நம் வட்டாரத்தில் இல்லாமலில்லை.

இறுதியாக, எந்தப் பொருளாலும் தீராத நிலைகள் சில உள. குழந்தை பால் குடிக்க மறுத்தல், நிமிடத்திற்கு 60 முறையோ அதற்கு மேலோ மூச்சு வாங்குதல், மூச்சு விடுகையில் நெஞ்சு உள்வாங்குதல், வலிப்பு, உள்ளங்கையும் உள்ளங்காலும் மஞ்சளாதல், தொப்புளில் சீழ் ஆகியவற்றுள் ஒன்று கண்டாலும் மந்திரிக்கவும் வேர் கட்டவும் நேரம் போக்கலாகாது. 108 எண்ணுக்குச் சொல்லி ஊர்தி வரவழைத்து, பத்மநாபபுரம் அரசு மருத்துவமனைக்கோ ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ கொண்டு செல்ல வேண்டும். வழியில் குழந்தை தாயின் மார்போடு ஒட்டியிருக்கட்டும். நல அட்டையையும் உடன் எடுத்துச் செல்க.