கடைக்கு ஜெனரேட்டர்: பெட்ரோலா, டீசலா?

வணிக நண்பர்கள் பலர் ஜெனரேட்டர் வாங்குவது ஒரு நெருக்கடி நேரத்தில்தான். ஐஸ் கிரீம் உருகிப் போன மறுநாள், அல்லது புயல் அடித்து ஒரு வாரம் கடை இருட்டில் கிடந்த பிறகு, அவசரம் அவசரமாக ஓடிப் போய் கையிருப்பில் இருப்பதை வாங்கி வருகிறோம். அப்போது பக்கத்துக் கடைக்காரர் சொல்லும் ஆலோசனை பெரும்பாலும் ஒன்றுதான்: "டீசலையே வாங்குங்கள், செலவு குறைவு." இந்த ஆலோசனை ஒரு காலத்தில் முழுக்கச் சரி. இன்று பாதிதான் சரி. எந்தக் கடைக்கு எது பொருந்தும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பழைய கணக்கு ஏன் மாறியது?

முன்பு டீசல் விலையை அரசு தாங்கிப் பிடித்து வந்தது. 2010 ஜூனில் பெட்ரோல் விலைக் கட்டுப்பாடு நீங்கியது. டீசலுக்கு அது நீங்கியது 2014 அக்டோபரில்தான். நம் மாநிலத்தில் மின்வெட்டு மிகக் கடுமையாக இருந்த 2012-இல் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு 20 ரூபாயை ஒட்டிய வித்தியாசம் இருந்தது. அன்று டீசல் ஜெனரேட்டர் வாங்கியவர்கள் புத்திசாலிகள். 2024 மார்ச் விலைக் குறைப்புக்குப் பின் சென்னையில் பெட்ரோல் சுமார் 101 ரூபாய், டீசல் சுமார் 92 ரூபாய் 50 காசு என்று ஆனது. அதாவது வித்தியாசம் எட்டு, ஒன்பது ரூபாய்தான்.

இன்னொரு மாற்றமும் உண்டு. 2023 ஜூலை 1 முதல் புதிய ஜெனரேட்டர் இன்ஜின்களுக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கடுமையான புகை விதிகள் (சி.பி.சி.பி. 4 பிளஸ்) நடைமுறைக்கு வந்துள்ளன. இதனால் டீசல் செட்டுகளின் விலை ஏறியிருக்கிறது. போடும் முதல் கூடி, எரிபொருள் விலையில் இருந்த லாபம் குறைந்துவிட்ட நிலையில், பழைய கணக்கை அப்படியே வைத்துக்கொள்ள முடியாது.

முதலில் சுமையை எழுதுங்கள்

கடைக்குப் போகும் முன் ஒரு தாளில் நம் கடையின் மின்சுமையை எழுதிக்கொள்ள வேண்டும். நடுத்தர மளிகைக் கடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். விளக்கு, மின்விசிறிக்கு 300 வாட். பில் போடும் கம்ப்யூட்டர், மின்தராசுக்கு 200 வாட். ஒரு ஃபிரிட்ஜ் 250 வாட். இரண்டு டீப் ஃபிரீசர்கள் 800 வாட். காப்பிக்கொட்டை அரைக்கும் ஒரு குதிரைத்திறன் மோட்டார் சுமார் 900 வாட். மொத்தம் 2,450 வாட். ஃபிரிட்ஜும் ஃபிரீசரும் விட்டு விட்டு ஓடுவதால் சராசரியாக 2 கிலோவாட் என்று வைத்துக்கொள்ளலாம்.

இதில் கவனிக்க வேண்டியது மோட்டார்களின் துவக்க இழுப்பு. மோட்டாரும் கம்ப்ரசரும் கிளம்பும் நொடியில், ஓடும்போது எடுப்பதைப் போல் மூன்று முதல் ஆறு மடங்கு மின்சாரம் இழுக்கும். எனவே ஒவ்வொன்றாகத்தான் சுவிட்சைப் போட வேண்டும். ஜெனரேட்டரின் அளவை கே.வி.ஏ. என்று குறிப்பார்கள், அதை 0.8-ஆல் பெருக்கினால் கிடைப்பதே நமக்குப் பயன்படும் கிலோவாட். 5 கே.வி.ஏ. செட் 4 கிலோவாட் தரும். மேலே சொன்ன கடைக்கு இது போதுமானது.

"எதற்கும் இருக்கட்டும்" என்று 15 கே.வி.ஏ. டீசல் செட் வாங்கிவிடுவோரும் உண்டு. இது யானையைக் கட்டித் தீனி போட்ட கதை. டீசல் இன்ஜின் அதன் திறனில் சுமார் 30 சதவீதத்துக்கும் கீழே நெடுநேரம் ஓடினால் போதிய சூடு ஏறாது. டீசல் முழுக்க எரியாமல் கரியும் பிசுபிசுப்பும் உள்ளே படியும். 15 கே.வி.ஏ. செட்டில் 2 கிலோவாட் சுமை என்பது 17 சதவீதம்தான்.

விளக்கு, மின்விசிறி, பில் மெஷின் மட்டுமே உள்ள கடைக்கு ஜெனரேட்டரே தேவையில்லை. ஒரு இன்வெர்ட்டரும் 150 ஏ.ஹெச். பேட்டரியும் 300 வாட் சுமையை மூன்றரை, நான்கு மணி நேரம் தாங்கும். மாறாக லிஃப்ட், பளுதூக்கி, மும்முனை மோட்டார் உள்ள மொத்த வியாபாரக் கிடங்குகளுக்கு டீசல் தவிர வேறு யோசனை வேண்டாம். தடுமாற்றம் எல்லாம் இடைப்பட்ட 2 முதல் 5 கே.வி.ஏ. அளவில்தான்.

மணிக்கணக்கே முடிவு சொல்லும்

டீசல் இன்ஜினில் காற்று மிக அதிகமாக அழுத்தப்படுகிறது. அதனால் அதே லிட்டரில் அது கூடுதல் வேலை வாங்குகிறது. சிறிய பெட்ரோல் செட் ஒரு யூனிட் மின்சாரம் தர ஏறக்குறைய 0.6 லிட்டர் குடிக்கும். சரியான சுமையில் ஓடும் டீசல் செட்டுக்கு 0.4 லிட்டர் போதும். மேலே சொன்ன விலையில் பெட்ரோலுக்கு யூனிட்டுக்கு சுமார் 60 ரூபாய் 60 காசு, டீசலுக்கு 37 ரூபாய். 2 கிலோவாட் சுமைக்கு மணிக்கு ஏறக்குறைய 47 ரூபாய் மிச்சம்.

இரண்டு செட்டுக்கும் விலைப்புள்ளி வாங்குங்கள். டீசல் செட் ஒரு லட்சம் ரூபாய் அதிகம் என்று உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். அந்த ஒரு லட்சத்தை மணிக்கு 47 ரூபாய் வீதம் மீட்க சுமார் 2,130 மணி நேரம் செட் ஓட வேண்டும்.

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை ஒரு நாள், சில்லறைத் தடைகள் சில மணி என்று மாதம் 15 மணி நேரம் ஓட்டும் கடைக்கு ஆண்டுக்கு 180 மணி. போட்ட முதல் திரும்ப ஏறக்குறைய 12 ஆண்டு ஆகும். 2012-ஐப் போல கடை நேரத்தில் தினம் ஆறு மணி நேரம் ஓட்ட நேர்ந்தால், ஆண்டுக்கு 300 நாள் கணக்கில் 1,800 மணி. பதினான்கு மாதத்தில் முதல் திரும்பிவிடும். ஒரே இயந்திரம், ஒரே எரிபொருள் விலை. ஓடும் மணி நேரம்தான் முடிவை மாற்றுகிறது. ஆகவே கடந்த ஓராண்டில் நம் கடையில் எத்தனை மணி நேரம் மின்சாரம் இல்லை என்பதை முதலில் குறித்துப் பாருங்கள்.

இந்தக் கணக்கோடு தேய்மானத்தையும் சேர்க்க வேண்டும். கையில் தூக்கும் சிறிய பெட்ரோல் செட்டுகள் நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடுபவை. டீசல் செட்டுகளில் பெரும்பாலானவை 1,500 சுற்றில் நிதானமாக ஓடி நெடுநாள் உழைக்கும். சில சிறிய டீசல் செட்டுகளும் 3,000 சுற்றுதான். பெயர்த்தகட்டைப் பார்த்து வாங்குங்கள். வழக்கமான ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவர்கள் கடை உபயோகத்துக்கு வாங்கும் செட்டின் மீது கட்டிய வரியை உள்ளீட்டு வரவாக எடுக்கலாம். காம்போசிஷன் முறையில் இருப்பவர்களுக்கு அது கிடையாது. பெட்ரோலும் டீசலும் ஜி.எஸ்.டி.க்கு வெளியே இருப்பதால் எரிபொருள் வரி யாருக்கும் திரும்பாது.

சும்மா நிற்கும் செட்டும் புயல் காலமும்

பெட்ரோல் செட்டின் பலவீனம் சும்மா நிற்பது. கார்புரேட்டரில் தேங்கிய பெட்ரோல் சில மாதத்தில் பிசினாகி அடைத்துக்கொள்ளும். இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருப்பதால் ஈரத்தையும் இழுக்கும். எனவே ஒவ்வொரு முறையும் எரிபொருள் குழாயை அடைத்து, இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓட விடுங்கள். டீசல் செட்டில் கவனிக்க வேண்டியது பேட்டரி. எதுவானாலும் மாதம் ஒருமுறை பாதிச் சுமையில் அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள்.

புயல் வேறு வகைச் சோதனை. 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்தபோது, டெல்டா மாவட்டங்களில் பல ஊர்களுக்கு வாரக்கணக்கில் மின்சாரம் வரவில்லை. இப்படிப்பட்ட நேரத்தில் எரிபொருளை எவ்வளவு வைத்திருக்கலாம் என்பதே கேள்வி. 1934-ஆம் ஆண்டு பெட்ரோலியச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் சொந்த உபயோகத்துக்கு வைக்கக்கூடிய பெட்ரோல் 30 லிட்டர்தான். நம் உதாரணக் கடைக்கு அது 25 மணி நேரம் வரும். டீசல் எளிதில் தீப்பற்றாத வகை என்பதால் 2,500 லிட்டர் வரை உரிமம் தேவையில்லை. 200 லிட்டர் பீப்பாய் ஒன்று 250 மணி நேரம் தாங்கும். ஆனால் அதைச் சரக்குக்கு நடுவே வைக்காதீர்கள். தனி இடத்தில் வைத்து, காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவித்துவிடுங்கள். கடலோர வணிகர்கள் மணிக்கணக்கு குறைவானாலும் டீசலை நினைத்துப் பார்க்க இது ஒரு காரணம்.

எரிபொருளை மிச்சம் பிடிக்கவும் வழி உண்டு. மூடியபடியே இருக்கும் ஃபிரிட்ஜ் சுமார் நான்கு மணி நேரம் குளிரைப் பிடித்து வைக்கும். எனவே நாள் முழுக்க ஓட்டாமல், மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு மணி நேரம் ஓட்டினால் சரக்கைக் காப்பாற்றலாம்.

உயிர் சம்பந்தப்பட்ட இரண்டு விஷயங்கள்

ஒன்று, ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே ஜெனரேட்டர் ஓட்டுவது. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. பெட்ரோல் செட்டில் இது இன்னும் அதிகம். உள்ளே தூங்கும் வேலையாள் மறுநாள் எழுந்திருக்க மாட்டார். செட்டை வெளியில், புகை எந்தச் சன்னலுக்குள்ளும் நுழையாத இடத்தில்தான் வைக்க வேண்டும்.

இரண்டு, சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் பிளக் வழியாக இணைப்பது. நம் மின்சாரம் தலைகீழாகப் பாய்ந்து, கம்பத்தில் வேலை செய்யும் மின்வாரிய ஊழியரைக் கொன்றுவிடும். உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கொண்டு இந்தச் சுவிட்சைப் பொருத்தாமல் செட்டை இயக்கவே கூடாது.

சுருக்கமாகச் சொன்னால், ஆண்டுக்கு இருநூறு மணி நேரத்துக்குள் ஓட்டும் சில்லறைக் கடைக்குப் பெட்ரோல் போதும். ஆயிரம் மணியைத் தாண்டுவோரும் மும்முனைச் சுமை உள்ளோரும் டீசல் வாங்கலாம். இடையில் இருப்பவர்கள் தம் சுமையையும், மணியையும், இரு விலைப்புள்ளிகளையும், அன்றைய பங்க் விலையையும் வைத்து மேலே சொன்ன கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள். சரக்குக் கொள்முதலில் பைசாவுக்குக் கணக்குப் பார்க்கும் நமக்கு இது பெரிய வேலையல்ல.