கிடந்து துருப்பிடித்த மோட்டார் சைக்கிளை மீண்டும் ஓடவைத்தல்

பல ஆண்டுகளுக்குப் பின் சொந்தக் காணிக்குத் திரும்பும் குடும்பங்கள் வளவைத் துப்புரவாக்கும்போது, இடிந்த கொட்டிலின் மூலையில் ஒரு பழைய மோட்டார் சைக்கிளோ, நீரிறைக்கும் பம்போ, மருந்தடிக்கும் இயந்திரமோ கிடப்பதைக் காண்பதுண்டு. கண்டதும் இரண்டில் ஒன்று நடக்கும். பழைய இரும்பு வாங்க வருபவருக்கு அதை நிறுத்துக் கொடுத்துவிடுவார்கள். இல்லாவிட்டால், வீட்டிலுள்ள இளைஞன் புதிதாகப் பெற்றோல் ஊற்றிக் கிக் அடித்துப் பார்ப்பான். இரண்டுமே நட்டத்தில் முடியலாம்.

எனக்குத் தெரிந்த ஒரு விவசாயியின் வீட்டில் இரண்டாவது வழியே நடந்தது. அவருடைய மருமகன் வந்த அன்றே தன் முழுப் பலத்துடனும் கிக் அடித்தான். சிலிண்டருக்குள் துருவோடு ஒட்டிக் கிடந்த பிஸ்ரன் றிங் உடைந்து, சிலிண்டரின் உட்சுவரை உழுதுவிட்டது. ஒரு போத்தல் டீசலும் ஒரு வாரப் பொறுமையும் காப்பாற்றியிருக்கக்கூடிய இயந்திரம் அது.

கைவிடப்பட்ட இயந்திரங்களை எழுப்புவதை ஒழுங்கான ஒரு வேலையாகச் செய்பவர்கள் பிற நாடுகளில் இருக்கிறார்கள். பிரித்தானியாவிலும் ஸ்பெயினிலும் பழைய 'ட்ரயல்ஸ்' மோட்டார் சைக்கிள்களைத் திருத்துபவர்கள் அவர்களுள் முக்கியமானவர்கள். அவர்கள் செய்யும் முறையை அறிந்துகொள்வது எமக்கும் பயன் தரும்.

ட்ரயல்ஸ் என்றால் என்ன?

ட்ரயல்ஸ் என்பது வேகப் போட்டி அன்று. பாறை, சேறு, நீரோடை, செங்குத்தான மேடு ஆகியவற்றினூடாகக் குறுகிய பாதைகள் அடையாளமிடப்பட்டிருக்கும். ஓட்டுபவர் கால் நிலத்தில் படாமல் அவற்றைக் கடக்க வேண்டும். ஒரு தடவை கால் ஊன்றினால் 1 புள்ளி, இரண்டு தடவையென்றால் 2, அதற்கு மேல் எத்தனை தடவை ஊன்றினாலும் 3. விழுந்தாலோ எல்லையைத் தாண்டினாலோ 5. இவையெல்லாம் தண்டப் புள்ளிகள். ஆகக் குறைந்த புள்ளி பெற்றவரே வெற்றியாளர்.

இங்கிலாந்தின் யோர்க்ஷயர் பகுதியில் நடைபெறும் ஸ்கொட் ட்ரயல் 1914இல் தொடங்கியது. ஸ்கொட்லாந்தில் ஆறு நாட்கள் நடைபெறும் போட்டி அதற்கும் முந்தியது. ஆரம்பத்தில் இவற்றில் ஓடியவை பாரமான பிரித்தானிய மோட்டார் சைக்கிள்களே. வட அயர்லாந்தைச் சேர்ந்த சாமி மில்லர் என்னும் புகழ்பெற்ற வீரர் ஓட்டிய ஏரியல் 500 சி.சி. வண்டி, அவர் பல பாகங்களைச் செதுக்கி இலேசாக்கிய பின்னரும் சுமார் 110 கிலோ இருந்தது.

மாற்றம் ஸ்பெயினிலிருந்து வந்தது. பார்சலோனா நகரில் மொன்ரேசா நிறுவனத்தின் பங்காளராக இருந்த பிரான்சிஸ்கோ புல்ற்றோ, அந்நிறுவனம் பந்தயங்களிலிருந்து விலகியதனால் 1958இல் பிரிந்து சென்று, தமது குடும்பத்துக்குச் சொந்தமான பழைய பண்ணை ஒன்றில் 'புல்ற்றாகோ' நிறுவனத்தைத் தொடங்கினார். 1964இன் இறுதியில் சாமி மில்லரை அங்கு அழைத்தார். அவர்கள் உருவாக்கிய 'ஷேர்பா' என்னும் 244 சி.சி. வண்டியின் எடை சுமார் 90 கிலோ மட்டுமே. 1965இல் ஸ்கொட்லாந்தின் ஆறு நாள் போட்டியில் மில்லர் அதில் வென்றார். பாரமான நாலடிப்பு இயந்திரங்களின் காலம் அதனுடன் முடியத் தொடங்கியது. பின்னர் யப்பானிய நிறுவனங்களும் இத்துறையில் இறங்கின. புல்ற்றாகோ 1983இல் உற்பத்தியை நிறுத்தியது.

தொழிற்சாலை மூடப்பட்ட பின்னரும் அந்த வண்டிகள் இன்றும் ஓடுகின்றன. 1965க்கு முந்திய பிரித்தானிய வண்டிகளுக்கும், பின்புறம் இரண்டு ஷொக் அப்சோர்பர் உள்ள வண்டிகளுக்கும் தனித்தனிப் பிரிவுகள் வைத்துப் போட்டிகள் நடைபெறுகின்றன. களஞ்சியங்களிலும் மாட்டுக் கொட்டில்களிலும் கிடந்த வண்டிகளைத் தேடியெடுத்துத் திருத்தியவர்களாலேயே இது சாத்தியமாயிற்று.

எமக்கு இதில் என்ன?

ஷேர்பாவின் இயந்திரம் ஈரடிப்பு வகையைச் சேர்ந்தது. முதுகில் சுமந்து மருந்தடிக்கும் மோட்டார் இயந்திரங்கள், மரம் அரியும் செயின் வாள்கள், சில பழைய யப்பானிய மோட்டார் சைக்கிள்கள் ஆகியவற்றிலும் பெரும்பாலும் இதே வகைதான். எனவே கீழே தரப்படும் வேலை ஒழுங்கு அவற்றுக்கும் பொருந்தும். ஹொண்டா 90 போன்றவை நாலடிப்பு இயந்திரங்கள். அவற்றில் ஒயில் தனியாக அடியில் இருக்கும். பெற்றோலுடன் கலக்கக் கூடாது.

1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில், சில துளி பெற்றோலில் எழுப்பி மண்ணெண்ணெயில் ஓட்டிய அனுபவம் யாழ்ப்பாணத்தில் பலருக்கு உண்டு. முற்றாக எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரிலுள்ள ஒயிலைக் கழுவிவிடும், கரியும் படியும். அக்காலத்தில் ஓடிப் பின்னர் கிடந்த இயந்திரமாயின், றிங் தேய்வையும் கரியையும் முதலில் எதிர்பாருங்கள்.

வேலை ஒழுங்கு

1. கழற்றுமுன் பதிவு செய்தல். சட்டத்தின் இலக்கத்தையும் இயந்திர இலக்கத்தையும் துடைத்து வாசித்து எழுதிக்கொள்ளுங்கள். பதிவுப் புத்தகம் இருந்தால் ஒப்பிட்டுப் பாருங்கள். உரிமைப் பத்திரம் இல்லாத வண்டிக்குப் பணம் செலவிடுமுன், அதைப் பெற வழி உண்டா என்று விசாரிக்க வேண்டும். பின்னர் ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுங்கள், அல்லது வரைந்து வையுங்கள். கழற்றும் போல்ற்றுகளை ஒரே பேணியில் கொட்டாமல், இடத்துக்கு ஒரு சிரட்டையாகப் பிரித்து வையுங்கள்.

2. இறுகிய பிஸ்ரனை விடுவித்தல். பிளக்கைக் கழற்றி அந்தத் துளையினூடாக டீசலும் சிறிது ஒயிலும் ஊற்றி விடுங்கள். நாள்தோறும் பார்த்துக் குறைந்தால் மீண்டும் ஊற்றுங்கள். சில நாட்களின் பின் கியரில் போட்டுப் பின்சில்லைக் கையால் முன்னும் பின்னுமாக மெதுவாக அசையுங்கள். ஒரு நூல் அசைந்தாலும் போதும். மறுநாள் இன்னும் சற்று அசையும். கிக் அடிக்கவே கூடாது. அசையாவிட்டால் சிலிண்டர் தலையைக் கழற்றிப் பார்க்க வேண்டும். பிஸ்ரனின் மேல் இரும்புச் சுத்தியலால் அடிக்காதீர்கள். மரக்கட்டை வைத்து மெதுவாகத் தட்டலாம்.

3. றிங்கும் சிலிண்டரும். சிலிண்டர் சுவரில் நகம் தட்டுப்படும் அளவுக்குக் கீறல் இருந்தால், அதைக் கடைந்து ஒரு அளவு பெரிய பிஸ்ரன் போட வேண்டும். பிஸ்ரனின் தலையில் பொறித்திருக்கும் இலக்கம் ஏற்கெனவே எத்தனை தடவை கடையப்பட்டது என்பதை அறிய உதவும். ஈரடிப்புப் பிஸ்ரனில் றிங் சுழலாமல் தடுக்க ஒரு சிறு முளை உண்டு. றிங்கின் இரு முனைகளும் அந்த முளையில் பொருந்த வேண்டும். பொருந்தாமல் சிலிண்டரை அழுத்தி இறக்கினால் றிங் உடையும். பிஸ்ரன் தலையில் அம்புக்குறி இருந்தால், அது புகைபோக்கிப் பக்கம் நோக்க வேண்டும்.

4. ஒயில் சீல்கள். பலரும் கவனிக்காமல் விடுவது இதைத்தான். ஈரடிப்பு இயந்திரத்தில் பெற்றோலும் காற்றும் முதலில் கிராங் இருக்கும் அறைக்குள் வந்து, அங்கே அழுத்தப்பட்டே மேலே செல்கின்றன. ஆகவே அந்த அறை காற்றுப் புகாமல் இருக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் கிடந்தால் கிராங்கின் இருபுறமும் உள்ள றப்பர் சீல்கள் காய்ந்து இறுகிவிடும். மக்னற் பக்கச் சீல் பழுதானால் வெளிக்காற்று உள்ளே புகும். அப்போது எரிபொருள் விகிதம் குறைந்து, சூடேறி, பிஸ்ரன் மீண்டும் இறுகும். கிளச் பக்கச் சீல் பழுதானால் கியர் ஒயில் உள்ளே இழுபட்டு ஓயாமல் வெண்புகை வரும். விலை குறைந்த இந்தச் சீல்களை மாற்றாமல் விலை கூடிய பிஸ்ரனைப் போடுவது, ஓட்டை வாளியில் தண்ணீர் அள்ளுவது போலாகும்.

5. பெற்றோல் தாங்கி. பழைய பெற்றோலை ஊற்றிவிட்டு மணந்து பாருங்கள். இரும்புத் தாங்கியின் உட்புறத் துருவை, சிறு கூழாங்கற்களும் சவர்க்கார நீரும் இட்டுக் குலுக்கி அகற்றலாம். வினாகிரியை ஓரிரு நாட்கள் நிரப்பி வைப்பதும் உதவும். பின்னர் சலவைச் சோடா நீரால் கழுவி உடனே உலர்த்த வேண்டும். ஓட்டையுள்ள தாங்கியை அப்படியே வெல்டிங்குக்குக் கொடுக்காதீர்கள். வெறுமையாகத் தோன்றும் தாங்கியிலும் பெற்றோல் ஆவி இருக்கும். அது வெடித்தால் உயிர் போகும். புல்ற்றாகோ வண்டிகளில் பைபர் கிளாஸ் தாங்கிகள் இருந்தன. இக்காலப் பெற்றோலில் கலக்கப்படும் எதனோல் அந்தப் பசையைக் கரைத்துவிடுகிறது. பிரித்தானியாவில் 2021 செப்டெம்பர் முதல் 10 வீதம் வரை எதனோல் கலந்த பெற்றோலே சாதாரண பெற்றோலாக விற்கப்படுவதால், பழைய வண்டி வைத்திருப்போர் அங்கு அலுமினியத் தாங்கிக்கு மாறுகிறார்கள்.

6. காபரேற்றரும் தீப்பொறியும். காபரேற்றரின் சிறு துளைகளைக் காற்றால் ஊதித் துப்புரவாக்குங்கள். கம்பியால் குத்தினால் துளை பெரிதாகி அளவு கெட்டுவிடும். பொயின்றின் முனைகளை மெல்லிய உப்புத்தாளால் துடைத்து, இடைவெளியைப் பீலர் கேஜினால் அளந்து சரிசெய்யுங்கள். பழைய மக்னற் வகைகள் பலவற்றில் இது 0.35 முதல் 0.40 மில்லிமீற்றர் வரை இருக்கும். உங்கள் வண்டியின் கைந்நூல் வேறு அளவு சொன்னால் அதையே பின்பற்றுங்கள்.

7. சில்லு, பிறேக், கேபிள். இயந்திரம் ஓடத் தொடங்கியதும் ஏறி ஓட்டும் ஆசை வரும். அதற்கு முன் பிறேக்கைத் திறந்து பாருங்கள். பிறேக் சப்பாத்துகளில் ஒட்டியிருக்கும் தேய்பட்டை ஆண்டுக்கணக்கில் கிடந்தால் கழன்று விழும். வெடித்த ரயர், நூல் அறுந்த கேபிள் ஆகியவற்றை இரக்கமின்றி மாற்றுங்கள். ட்ரயல்ஸ் வண்டிகளில் பாறையைப் பற்றிக்கொள்வதற்காகப் பின் ரயரில் 4 அல்லது 5 இறாத்தல் காற்று மட்டுமே விடுவார்கள். வீதியில் ஓடும் வண்டிக்கு அது ஆபத்து; அதற்குரிய அளவே விட வேண்டும்.

ஒயில் கலக்கும் அளவு

பழைய கைந்நூல்கள் பல 20 பங்கு பெற்றோலுக்கு 1 பங்கு ஒயில் என்று கூறும். அதாவது ஒரு லீற்றருக்கு 50 மில்லிலீற்றர். அக்கால ஒயிலுக்கு அது தேவைப்பட்டது. இக்காலத்து நல்ல ஈரடிப்பு ஒயிலைப் பயன்படுத்தும் பலர் 40க்கு 1, அதாவது லீற்றருக்கு 25 மில்லிலீற்றர் கலக்கிறார்கள். புதிய பிஸ்ரன் போட்ட முதல் நாட்களில் சற்றுக் கூடுதலாகக் கலப்பது நல்லது. மலிவைப் பார்த்து வேறு ஒயிலை ஊற்றாதீர்கள். கண்மதிப்பிலும் கலக்காதீர்கள், அளவு குறித்த ஒரு போத்தலை இதற்கென்றே வைத்திருங்கள்.

திருத்துவதா, விற்பதா?

இதுவே குடும்பங்கள் எதிர்நோக்கும் உண்மையான கேள்வி. மூன்று பாகங்களைப் பார்த்து முடிவு செய்யலாம். வண்டிச் சட்டம் முறியாமலும் உக்காமலும் இருக்கிறதா? இயந்திரத்தின் வெளி உடல் வெடிக்காமல் இருக்கிறதா? சிலிண்டர் கடையக்கூடிய நிலையில் இருக்கிறதா? மூன்றும் நன்றாயின் மற்றவற்றைச் சிறிது சிறிதாக வாங்கித் திருத்தலாம். இரண்டு பழுதாயின் பாகங்களாகப் பிரித்து விற்பதே இலாபம். இரும்பு விலைக்கு முழுதாகக் கொடுக்க வேண்டாம். ஒரே வகை வண்டி ஊரில் இரண்டு மூன்று கிடந்தால், உரிமையாளர்கள் கூடிப் பேசி அவற்றிலிருந்து ஓடக்கூடிய ஒன்றை உருவாக்கலாம். வெளிநாட்டில் பழைய ட்ரயல்ஸ் வண்டிகளைத் திருத்துவோரும் இப்படித்தான் செய்கிறார்கள்.

கராஜில் கொடுப்பதானால், கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தரும்படி முன்கூட்டியே கேளுங்கள். எது மாற்றப்பட்டது, எது மாற்றப்படவில்லை என்பதை அறிய அதுவே இலகுவான வழி.

ஓடத் தொடங்கிய பின்

ட்ரயல்ஸ் ஓட்டுபவர்கள் ஒவ்வொரு போட்டியின் பின்னும் ஒரு மணித்தியாலமாவது வண்டியுடன் செலவிடுவார்கள். சேற்றைக் கழுவுமுன் சைலன்சர் வாயையும் காற்று வடியையும் அடைப்பார்கள். காற்று வடியின் பஞ்சைச் சவர்க்கார நீரில் அலசி உலர்த்தி, ஒயில் தடவிப் பொருத்துவார்கள். செயினைத் துடைத்து எண்ணெய் இடுவார்கள். தளர்ந்த சில்லுக் கம்பிகளைத் தட்டிப் பார்த்து இறுக்குவார்கள். கியர் ஒயில் பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது என்று அறிந்து உடனே மாற்றுவார்கள். நீண்ட நாள் நிறுத்துவதாயின் காபரேற்றரில் நிற்கும் பெற்றோலை வடித்துவிடுவார்கள்.

வயல் வரம்பிலும் குளக்கட்டிலும் ஓடும் எமது வண்டிகள் காணும் சேறும் தண்ணீரும் அவற்றுக்குக் குறைந்தவையல்ல. வாரம் ஒருமுறை அரை மணித்தியாலம் ஒதுக்கி, வீட்டிலுள்ள பிள்ளை ஒன்றையும் அருகில் வைத்துக்கொண்டு இவற்றைச் செய்யுங்கள். ஆணா பெண்ணா என்று பார்க்க வேண்டாம். சாவி பிடிக்கக் கற்ற பிள்ளை, அடுத்த கொட்டிலில் ஒரு பழைய இயந்திரத்தைக் கண்டால், கிக் அடிக்குமுன் டீசல் போத்தலைத் தேடும்.