சாலைக் கடைத்தெருவில் ஒரு பந்தி

திருவனந்தபுரத்துக்கு வரும் தமிழ்ப் பிரயாணிகளில் பெரும்பாலோர், அனந்தபத்மநாபனைத் தரிசித்து, கோட்டைவாசலுக்கு வெளியே கண்ணில் படும் முதல் சைவ ஓட்டலில் நம்மூர் இட்டிலியையும் சாம்பாரையும் தேடிச் சாப்பிட்டுவிட்டு, கோவளத்துக்கோ கன்னியாகுமரிக்கோ பஸ் ஏறிவிடுகிறார்கள். கோயிலையும் அரண்மனையையும் பார்ப்பது அவசியந்தான். ஆனால் ஒரு நகரத்து ஜனங்கள் யாரோடு யார் உட்கார்ந்து, எதை, எப்படிச் சாப்பிடுகிறார்கள் என்று தெரிந்துகொள்ளாதவரையில் அந்த நகரத்தைப் பற்றிய நம் அறிவு பாதி அறிவாகவே நின்றுவிடும். மீதிப் பாதியைப் பெற வெகுதூரம் போக வேண்டியதில்லை. கிழக்கே கோட்டைக்கு எதிரே காந்தி பூங்காவைக் கடந்தால், கிள்ளிப்பாலம் வரை நீண்டு கிடக்கிறது சாலைக் கடைத்தெரு. பசியோடும் பொறுமையோடும் அதில் ஒரு நாள் நடப்பவன், இந்த ஊரின் சரித்திரத்தை வயிறார அறிந்தவனாகத் திரும்புவான்.

இந்தக் கடைத்தெருவை உண்டாக்கியவர் திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாஸ். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில், தர்மராஜா என்று பெயர் பெற்ற கார்த்திகைத் திருநாள் மகாராஜாவின் காலத்தில், ராஜ்யத்தின் தலைநகரம் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு நகரத் தொடங்கியபோது, கோட்டைக்கு வெளியே ஒரு பெரிய அங்காடி வேண்டும் என்று அவர் சங்கற்பித்தார்; நாஞ்சில் நாட்டு நெல்லும் வாழையும் பாண்டி நாட்டுச் சரக்கும் மாட்டு வண்டிகளில் தடையின்றி வந்து சேரும்படி கிள்ளியாற்றுக்கும் கரமனையாற்றுக்கும் குறுக்கே பாலங்கள் அமைத்தவரும் அவரே என்பர். வண்டிகளோடு மனிதர்களும் வந்தார்கள். செட்டியார்கள் வந்தார்கள், வேளாளரும் நாடார்களும் வந்தார்கள், வீட்டில் தமிழ் பேசும் ராவுத்தர்கள் வந்தார்கள், வலியசாலையிலும் கரமனையிலும் தமிழ் அந்தணர்களின் அக்கிரகாரங்கள் எழுந்தன, பிற்பாடு வடநாட்டு வியாபாரிகளும் வந்து சேர்ந்தார்கள். இன்றைக்கும் சபாபதி கோவில் தெரு, கொத்துவால் தெரு, ஆரியசாலை என்று ஒன்றிலிருந்து ஒன்றாகப் பிரியும் சந்துகளில் பலசரக்குக் கடைக்காரர் மலையாளத்தில் விலை சொல்லித் தமிழில் கணக்குப் பார்ப்பதைக் கேட்கலாம். இந்தத் தெருவில் கடை நடத்திக்கொண்டே இதன் மனிதர்களைக் கதைகளாக்கிய ஆ. மாதவன், ‘கடைத்தெருக் கதைகள்’ என்று தம் தொகுதிக்குப் பெயர் வைத்தார். 2015-ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது பெற்ற அந்த எழுத்தாளரால் சாலை தமிழிலக்கியத்தில் ஒரு நிலையான இடத்தைப் பெற்றது.

சேர்ந்து உண்ண முடியாத காலம்

இத்தனை ஜாதி ஜனங்களும் ஒரே தெருவில் வியாபாரம் செய்தார்கள் என்பதால், ஒரே இடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள் என்று எண்ணிவிடலாகாது. சமஸ்தானத்தின் ஊட்டுப்புரைகளில் அரசாங்கச் செலவில் அந்தணர்களுக்கு அன்னம் வழங்கப்பட்ட அதே காலத்தில், உழுது அந்த நெல்லை விளைவித்த மக்களில் பெரும்பகுதியினருக்குக் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் நடக்கும் உரிமைகூட இருக்கவில்லை. 1893-இல் ஒடுக்கப்பட்ட மக்களின் தலைவரான அய்யன்காளி வில்வண்டி ஏறிப் பொதுவீதியில் போனதே ஒரு பெரும் போராட்டமாக இருந்தது என்றால், பந்தியில் இடம் கேட்பது எவ்வளவு தூரத்துக் கனவாக இருந்திருக்கும்!

அந்தக் கனவை முதலில் கண்டவர்களுக்கும் இந்த வட்டாரத்துக்கும் நெருங்கிய சம்பந்தம் உண்டு என்பதை நாம் மறந்துபோனோம். எல்லாரும் ஒரே கிணற்றில் நீர் எடுத்து, ஒரே வரிசையில் இருந்து உண்ண வேண்டும் என்று உபதேசித்த அய்யா வைகுண்டரை, 1838-ஆம் ஆண்டு வாக்கில் சமஸ்தானத்து அரசாங்கம் சிறைவைத்த சிங்காரத்தோப்பு, சாலையிலிருந்து நடந்துபோகும் தூரத்தில்தான் இருக்கிறது. வடக்கே தம்பானூரைத் தாண்டினால் வரும் தைக்காட்டில், ஆங்கிலேய ரெசிடெண்டின் அலுவலகத்தில் சூப்பரின்டெண்டாகப் பணிபுரிந்த தமிழரான அய்யாவு சுவாமிகள், பிராமணரையும் புலையரையும் ஒன்றாக உட்காரவைத்துப் பந்திபோஜனம் நடத்தினார். அந்தப் பந்தியில் அய்யன்காளியும் அமர்ந்திருந்தார். சமூகச் சீர்திருத்தவாதிகளான நாராயண குருவும் சட்டம்பி சுவாமிகளும் குருவாக மதித்த அந்தப் பெரியவர் 1909 வரை ஜீவித்திருந்தார். எல்லா ஜாதி இந்துக்களுக்கும் கோயில்களைத் திறந்துவிட்ட ஆலயப் பிரவேசப் பிரகடனம் வெளியானது 1936 நவம்பர் 12-ஆம் தேதி. கோயில் கதவு திறப்பதற்கு ஒரு தலைமுறைக்கு முன்பாகவே இலை போட்டவர் அவர்.

ஆகையால், இந்த வட்டாரத்துச் சாப்பாட்டுக் கடைகளில் நாம் முன்பின் அறியாதவருக்கு எதிரே உட்கார்ந்து, அவர் யார், எவர் என்று கேளாமல் உண்கிறோமே, அது தானாக வந்த வழக்கமன்று. பலர் கஷ்டப்பட்டு ஈட்டித் தந்த பாக்கியம். எங்கே சாப்பிடலாம் என்று கேட்பவருக்கு நான் சொல்ல விரும்பும் முதல் விஷயம் இதுதான்.

ரஹ்மானியாவின் கோழி

சாலைக்குள் மாமிசம் உண்போர் தேடிச் செல்லும் முதல் இடம் ஹோட்டல் ரஹ்மானியா. 1949-இல் தொடங்கியதாகச் சொல்லப்படும் இந்தக் கடையை ஊரார் அந்தப் பெயரால் அழைப்பது குறைவு; நிறுவியவரின் பெயரால் ‘கெத்தேல்’ கடை என்றே சொல்வார்கள். பரந்த மண்டபமோ அலங்காரமோ இல்லை. கடையின் பிரசித்தி எல்லாம் ஒரே பண்டத்தில் அடங்கியிருக்கிறது: இளங்கோழிகளை, இடித்த மிளகாய் ஒட்டிக்கொண்டிருக்கப் பொரித்து எடுத்து, எண்ணெயில் உதிர்ந்து முறுகிய அந்த மசாலாத் தூளையும் மேலே தூவி, சப்பாத்தியோடு கொண்டுவந்து வைக்கிறார்கள். இளங்கோழியானபடியால் எலும்பருகில் இருக்கும் சதைகூட வெந்து விரலோடு வந்துவிடுகிறது. முறுகிய தூளைச் சப்பாத்தித் துண்டில் ஒற்றி வாயிலிட்டால் முதலில் மொறுமொறுப்பும், சற்றுத் தாமதித்துக் காரமும் தெரியும். காரம் ஏறும் தருணத்தில் எலுமிச்சைச் சாற்றை ஒரு மிடறு குடித்துவிட்டு மறுபடி தொடங்குவது அங்கே சம்பிரதாயம்.

தமிழ் வாசகர்களில் பலர் இந்தக் கடையைப் பார்க்குமுன்பே படித்திருப்பார்கள். ஜெயமோகனின் ‘அறம்’ தொகுதியில் உள்ள ‘சோற்றுக் கணக்கு’ என்னும் கதையின் நாயகர் கெத்தேல் சாகிப்தான். சாப்பிட்டவர் இவ்வளவு தரவேண்டும் என்று கேளாமல், இஷ்டப்பட்டதைப் பெட்டியில் போட்டுவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டு, பசியோடு வந்த ஏழை மாணவனுக்கு அதட்டி அதட்டிப் பரிமாறும் ஒரு மனிதரை அக்கதை நம் கண்முன் நிறுத்துகிறது. கதையைக் கதையாகவே கொள்வோம். ஆயினும் நாஞ்சில் நாட்டிலிருந்து படிக்க வந்த தமிழ்ப் பையன்கள் பலருக்கு இந்த நகரத்தில் முதல் அன்னம் இட்ட கை ஒரு முஸ்லிம் பெரியவரின் கையாக இருந்திருக்கக்கூடும் என்பதை யாரும் சந்தேகிக்க மாட்டார்கள். அந்த நன்றியை இலக்கியமாக்கியதனால்தான் அந்தக் கதை இவ்வளவு பேர் மனத்தில் நிலைத்தது.

போளியும் பாயசமும்

சைவர்கள் ஏமாற வேண்டியதில்லை. கிழக்கே கோட்டையிலும் பழவங்காடியிலும் தம்பானூரிலும் தமிழ் மரபில் வந்த சைவச் சாப்பாட்டுக் கடைகள் பல உள்ளன. ரயிலடிக்கு அருகிலுள்ள ஆரிய நிவாஸ் அவற்றுள் பெயர் பெற்றது. ஆனால் அங்கே போயும் நம்மூர்ச் சாப்பாட்டையே கேட்டு வாங்கி உண்பவர், இந்த ஊருக்கே உரிய ஒரு விசேஷத்தை இழந்துவிடுவார். அதுதான் போளியும் பால் பாயசமும்.

கேரளத்தின் வேறு பகுதிகளில் நடக்கும் சத்யா என்னும் இலைவிருந்தைக் காட்டிலும் திருவனந்தபுரத்துச் சத்யாவுக்கு உள்ள தனி அடையாளம் இது. பருப்பும் நெய்யும் சாம்பாரும் முடிந்தபின், ரசத்துக்கும் மோருக்கும் முன்னதாக, இலையின் நடுவைக் கையால் வழித்து ஒழுங்கு செய்துகொள்ள வேண்டும். மஞ்சள் நிறத்தில், துணி போல் மெல்லியதாக, உள்ளே கடலைப்பருப்புப் பூரணம் வைத்த போளி ஒன்று அங்கே விழும். அதன்மேல் சூடான பால் பாயசத்தை வார்ப்பார்கள். போளியைப் பிய்த்துப் பாயசத்தில் பிசைய, பூரணம் கரைந்து பால் கெட்டியாகி, இரண்டும் வேறு வேறாக இருந்தபோது இல்லாத மூன்றாவது ருசி ஒன்று பிறக்கிறது. போளி நம் அக்கிரகாரத்துப் பண்டம். பாலில் அரிசியிட்டுக் குறுக்கிய பாயசம் மலையாளக் கோயில்களின் பிரசாதம். இரண்டும் எந்த நாளில், யார் இலையில் முதலில் சந்தித்தன என்பதை எவரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் இன்று நாயர் வீட்டுக் கல்யாணமானாலும், நாடார் வீட்டுக் கல்யாணமானாலும், அந்தச் சந்திப்பு இல்லாமல் இந்நகரத்தில் விருந்து பூர்த்தியாவதில்லை. கல்யாணத்துக்கு அழைப்பு இல்லாதவர்கள், கோட்டை வட்டாரத்துப் பலகாரக் கடைகளில் போளியையும் பாயசத்தையும் பொட்டலமாக வாங்கிக்கொள்ளலாம்.

மரச்சீனியும் தட்டுக்கடையும்

உழைப்பாளிகளின் உணவை அறிய விரும்புவோர், சாலையில் மூட்டை சுமப்பவர்கள் நடுப்பகலில் நுழையும் சிறு கடைகளுக்குப் போகவேண்டும். வேகவைத்து மசித்த மரச்சீனியும், குடம்புளி சேர்த்த மீன்கறியும் அங்கே பிரதானம். இந்தக் கிழங்கு இம்மண்ணின் பூர்விகப் பயிரன்று. தென்னமெரிக்காவிலிருந்து கடல் கடந்து வந்தது. 1880 முதல் 1885 வரை அரசாண்ட விசாகம் திருநாள் மகாராஜா, அரிசித் தட்டுப்பாட்டுக்கு மாற்றாக இதைக் குடிகள் பயிரிடும்படி ஊக்குவித்தார். பஞ்சத்துக்கென்று வந்த கிழங்கு, பஞ்சம் போன பின்பும் போகாமல் மக்களின் பிரியமான ஆகாரமாக நிலைத்துவிட்டது.

இருட்டியபின் தெருவோரத் தட்டுக்கடைகள் உயிர்பெறுகின்றன. கல்லில் அடுத்தடுத்து வார்க்கும் சிறிய, தடித்த தோசைகள், நீர்த்த சட்டினி, இவற்றோடு ரசத்தில் ஊறிய வடை. ரசவடையைத் தோசையோடு சேர்த்து உண்பது திருவனந்தபுரத்தார் வழக்கம். ரயிலுக்குக் காத்திருப்பவரும், சினிமா பார்த்துத் திரும்புபவரும், ஆட்டோ ஓட்டுநரும், செயலகத்து உத்தியோகஸ்தரும் ஒரே பெஞ்சில் இடம் ஒதுக்கிக்கொண்டு உட்காருகிறார்கள்.

சுருள் கட்டடத்தில் காப்பி

1931-இல் ரயில் நிலையம் வந்ததிலிருந்து ஊருக்கு வாசலாகிவிட்ட தம்பானூரில், பஸ் நிலையத்தை ஒட்டி, செங்கல்லால் ஆன உருளை வடிவக் கட்டடம் ஒன்று நிற்கிறது. அதுவே இந்தியன் காப்பி ஹவுஸ். இதை வடிவமைத்தவர், இங்கிலாந்தில் பிறந்து இந்நகரத்தையே தம் ஊராக்கிக்கொண்ட லாரி பேக்கர். உள்ளே மாடிப்படி கிடையாது. தரையே ஒரு சரிவாகச் சுற்றிச் சுற்றி மேலேறுகிறது. வெளிச்சுவரை ஒட்டி மேசைகள் வரிசையாக அமைந்திருக்க, செங்கல் இடைவெளிகள் வழியே வெளிச்சமும் காற்றும் வருகின்றன. வெள்ளை உடுப்பும் விசிறி மடிப்புத் தலைப்பாகையும் அணிந்த ஊழியர்கள், பீட்ரூட் கலந்து சிவந்த மசால் தோசையோடு அந்தச் சரிவில் ஏறி இறங்குகிறார்கள். காப்பி போர்டு தன் காப்பிக் கடைகளை மூடி ஊழியர்களை வெளியேற்றியபோது, கம்யூனிஸ்டுத் தலைவர் ஏ. கே. கோபாலனின் முயற்சியால் அவர்கள் கூட்டுறவுச் சங்கங்களாகத் திரண்டார்கள். கேரளத்தில் அவ்வாறு பிறந்த முதல் காப்பி ஹவுஸ் 1958-இல் திருச்சூரில் திறக்கப்பட்டது. பரிமாறுபவரே பங்குதாரர் என்னும் அந்த ஏற்பாடு ஊழியரின் நடையில் தெரிகிறது: பணிவு உண்டு, குழைவு இல்லை. அங்கேயும் எல்லாருக்கும் ஒரே மேசை. வரிசையில் அடுத்து எது காலியாக இருக்கிறதோ அதுதான் நம் இடம்.

இன்னும் வடக்கே போகப் பொழுதுள்ளவர்கள், பள்ளிவாசலும் மாதா கோயிலும் பிள்ளையார் கோயிலும் அருகருகே அமைந்த பாளையத்துக்குச் சென்று, அங்குள்ள ஜம் ஜம் போன்ற கடைகளில் பிரியாணி உண்ணலாம்.

காக்க வேண்டியது

மாசி மாதத்தில் ஆற்றுகால் பகவதியின் பொங்கல் அன்று இந்த வட்டாரத்தின் வீதிகள் யாவும் அடுப்பங்கரையாகின்றன. மதுரையை எரித்த கண்ணகியே ஆற்றுகாலில் அமர்ந்தாள் என்பது ஐதிகம். 2009-ஆம் ஆண்டு 25 லட்சம் பெண்கள் பொங்கலிட்டதைக் கின்னஸ் புத்தகம் பதிவு செய்தது. அன்றைக்கு எந்த வீட்டு முற்றமும் எந்த மதத்தாரின் வாசலும் அடுப்பு வைக்க வந்தவளுக்கு அடைபடுவதில்லை. ஆண்டுக்கு ஒரு நாள் விழாவாக நடக்கும் இந்தக் காரியத்தைத்தான் சாலையின் சிறு கடைகள் தினந்தோறும் ஆரவாரமின்றிச் செய்துவருகின்றன.

சாலையைப் புதுப்பிப்பது பற்றிய யோசனைகள் அவ்வப்போது எழுகின்றன. நடைபாதையும் சாக்கடையும் சீர்பட வேண்டியதுதான். நெருப்பு அபாயம் நீங்க வேண்டியதுதான். ஆனால் அந்த ஏற்பாடுகளில் வாடகை உயர்ந்து, மூட்டைக்காரர் உண்ணும் கடையும் பொரித்த கோழிக் கடையும் பலகாரக் கடையும் வெளியேற நேர்ந்தால், தெரு அழகாகும்; பந்தி கலைந்துவிடும். ஒருமுறை கலைந்த பந்தியை மறுபடி கூட்டுவது எவ்வளவு கடினம் என்பதை வைகுண்டரையும் அய்யாவு சுவாமிகளையும் பெற்ற இந்நகரம் நன்கு அறியும். நகரசபையார் திட்டம் தீட்டும்போது இந்தச் சிறு கடைகளுக்கு முதலில் இடம் குறிக்கட்டும். நம் பங்குக்கு நாம் செய்யக்கூடியது சுலபமானது, இன்பமானதும்கூட: அடுத்த முறை இந்த ஊரில் இறங்கும்போது, பழகிய ருசியைத் தேடி ஒதுங்காமல், இன்னொருவருடைய உணவு பரிமாறப்படும் மேசையில் போய் உட்கார்ந்து, அவர் உண்பதையே கேட்டு வாங்கி உண்போமாக.