கைக்கேற்ற விசைப்பலகை

சாதாரண விசைப்பலகையில் எழுத்து வரிசைகள் ஒன்றுக்கொன்று சற்று விலகி நிற்பது பழைய தட்டச்சுப் பொறியின் மிச்சம். விசைகளின் கீழே ஓடிய நெம்புகோல்கள் இடித்துக்கொள்ளாதிருக்கச் செய்த ஏற்பாடு அது. நெம்புகோல்கள் மறைந்தும் விலகல் மறையவில்லை. இரு கைகளும் குறுகிய பலகையில் நெருங்குவதால் மணிக்கட்டு சுண்டுவிரல் பக்கம் வளைகிறது. உள்ளங்கை முழுக்கக் கவிழ்ந்தே இருக்கிறது.

ஜெர்மனியில் இக்குறை வெகு முன்பே கவனிக்கப்பட்டது. 1926இல் பெர்லினில் வெளியான நூலில் குளோக்கன்பெர்க் என்பவர், விசைகளை இரண்டாகப் பிரித்துப் பக்கவாட்டில் சரிக்க யோசனை சொன்னார். கார்ல் குரோமர் அதைச் சோதனைகளில் ஆராய்ந்து 1972இல் கட்டுரையாக வெளியிட்டார். ஆனாலும் கடைகளில் பெரும்பாலும் பழைய பலகையே விற்றது.

இன்று ஆர்வலர்கள் தாங்களே பலகை செய்துகொள்ள முடிவதற்கும் ஜெர்மனிக்குப் பங்குண்டு. 1953இல் அமெரிக்காவில் தொடங்கி, பவேரியாவின் அவுர்பாக்கில் வேரூன்றிய செர்ரி நிறுவனம் 1980களில் கொண்டுவந்த எம்எக்ஸ் சுவிட்ச் தனித்தனி உறுப்பாகக் கிடைக்கிறது. 14 மில்லிமீட்டர் சதுரத் துளையில் அது பொருந்தும். 4 மில்லிமீட்டர் இறங்கும். பாதி வழியிலேயே மின்தொடர்பு ஏற்படும். சிவப்பு வகை மெல்ல அழுந்தும், கறுப்பு அழுத்தம் கேட்கும், நீலம் சொடுக்கும்.

இப்படிச் செய்யும் பலகையில் எங்கே எந்த விசை என்பதை விரல்களின் நீளமே தீர்மானிக்கிறது. நடுவிரல் வரிசை மேலே ஏறும், சுண்டுவிரல் வரிசை கீழே இறங்கும். வழக்கமான பலகையில் இடைவெளி விசைக்கு மட்டுமே பயன்படும் கட்டைவிரலுக்கு இங்கே மூன்று விசைகள் வரை கிடைக்கும். இது பெரிய லாபம்.

இரண்டாகப் பிரிந்த பலகையில் பாதிக்கு 21 விசைகள் என்றால் 21 கம்பிகள் வேண்டியதில்லை. விசைகளை 4 கிடை வரிசை, 6 செங்குத்து வரிசையாக இணைத்தால் மைக்ரோகண்ட்ரோலரில் 10 முனைகள் போதும். அது வரிசை வரிசையாக மின்சாரம் அனுப்பி, எங்கே திரும்பி வருகிறது என்று பார்க்கிறது. ஒரு செவ்வகத்தின் மூன்று மூலை விசைகளைச் சேர்த்து அழுத்தினால் மின்சாரம் சுற்றிவந்து, அழுத்தாத நான்காவதும் அழுந்தியதாகக் காட்டும். அதைத் தடுக்கவே ஒவ்வொரு சுவிட்சுக்கும் ஒரு டயோடு. கறுப்புப் பட்டை எல்லாவற்றிலும் ஒரே திசையில் இருக்குமாறு பொறுமையாகச் சால்டர் செய்ய வேண்டும். ஒன்று திரும்பினாலும் அந்த விசை ஊமையாகிவிடும். இரு பாதிகளை இணைக்கும் கேபிள் ஆடியோ கேபிள் வகை என்றால், மின்சாரம் இருக்கும்போது பிடுங்கக் கூடாது. குறுக்குச்சுற்று ஏற்பட்டுக் கண்ட்ரோலர் கெடலாம்.

க்யூஎம்கே என்ற கட்டற்ற மென்பொருளில் விசைகளின் பொருளை மாற்றலாம். குறைந்த விசைகளிலேயே எண்களும் குறிகளும் அடுக்குகளாக அடங்கும். ஜெர்மன் எழுத்துகளின் பயன்பாட்டைக் கணக்கிட்டு 2004இல் உருவான நியோ விசை அமைப்பைச் சிலர் ஏற்றிக்கொள்கிறார்கள். உயிரெழுத்துகளை இடக்கைக்கும் மெய்களைப் பெரும்பாலும் வலக்கைக்கும் தரும் தமிழ்99 விசை அமைப்பு, இரண்டாகப் பிரிந்த பலகைக்கு இயல்பாகவே பொருந்துகிறது.

கடைசியாக, பாதிகளைத் தோள் அகலத்துக்கு விலக்கி, கட்டைவிரல் பக்கத்தை உயர்த்தி, மணிக்கட்டு நேராகும்வரை சரிசெய்கிறார்கள்.