நீரிற் கரையும் கச்சா எண்ணெய்

எண்ணெயும் நீரும் ஒன்றோடொன்று சேரா என்பது யாவரும் அறிந்ததே. கொசுப்புழுக்களை ஒழிக்கக் குட்டைகளில் மண்ணெண்ணெய் தெளித்தால், அது மேலே ஆடைபோற் படர்ந்து, நீர்மட்டத்திற்கு வந்து மூச்சுவாங்கும் புழுக்களைத் திணறடித்துக் கொல்லுகிறது. இதைக் கண்டு பழகியவர்கள், எண்ணெயாடை அகன்றால் தீங்கும் அகன்றதென எண்ணுவது இயல்பு. மீன்களைப் பொறுத்தமட்டில் அவ்வெண்ணம் சரியன்று.

கச்சா எண்ணெய் ஒரே பொருளன்று. எண்ணிறந்த பொருள்களின் கலவை. அவற்றுட் பெரும்பாலானவை நீரிற் கரைவதில்லை. ஆயினும் பென்ஸீன் என்னும் லேசான பொருள் லிட்டருக்கு ஏறக்குறைய 1¾ கிராம் வரை கரையக்கூடும். அது கொடிய நஞ்சேயெனினும், விரைவில் ஆவியாகிவிடுவதால் திறந்த நீரில் நெடுநாள் நிற்பதில்லை. அதே இனத்தைச் சேர்ந்த கனமான பொருள்கள் சில உள. இவை கரைவது மிகச் சொற்பம், ஆவியாவதும் தாமதம். மணலிலும் சரளையிலும் தங்கிய எண்ணெயிலிருந்து ஆண்டுக்கணக்காகக் கசிந்துகொண்டிருப்பதால், இவற்றையே அதிகம் அஞ்சவேண்டும்.

1989-ம் வருஷம் மார்ச்சு 24-ந் தேதி, அலாஸ்காவில் பிரின்ஸ் வில்லியம் விரிகுடாவில், எக்ஸான் வால்டீஸ் என்னும் கப்பல் பாறையில் மோதி, 4 கோடி லிட்டருக்கு மேற்பட்ட கச்சா எண்ணெய் கடலிற் கலந்தது. அப்பிரதேசத்து இளஞ்சிவப்புச் சால்மன் மீன்களிற் பல, ஓடைகள் கடலொடு கூடுமிடத்தில், அலை ஏறி வற்றும் சரளைப்படுகையில் முட்டையிடுவன. அம்முட்டைகள் குளிர்காலம் முழுதும் அங்கேயே கிடக்கும். மிதந்த எண்ணெய் மறைந்த பின்னரும், 1993 வரையில், எண்ணெய் படிந்த ஓடைகளில் மற்றவற்றைக் காட்டிலும் மிகுதியான முட்டைகள் மடிந்தன. நூறு கோடிப் பங்கு நீரில் மேற்சொன்ன கனமான பொருள்கள் சில பங்குகளே இருப்பினும் மீன்கருவுக்குக் கேடு விளையுமென்றும், சில இனங்களில் இருதயம் செவ்வனே அமையாமற்போய் அதைச் சுற்றி நீர் கோத்துக்கொள்ளுமென்றும் பிற்காலத்துச் சோதனைகளில் தெரியவந்தது. வளர்ந்த மீன் விலகி நீந்தலாம், முட்டைக்கு அவ்வழியில்லை.

சவுக்காரம் போன்றவற்றைத் தெளித்து எண்ணெயைக் கண்ணுக்கு மறையச் செய்வது எளிது. ஆனால் எண்ணெய் நுண்துளிகளாகச் சிதறுந்தோறும் நஞ்சு அதிகமாய்க் கரையும். 1967-ல் இங்கிலாந்தின் கார்ன்வால் கரையோரம் டாரி கேனியன் கப்பல் உடைந்தபோது, ஏறக்குறைய 10,000 டன் அழுக்குநீக்கி மருந்து கொட்டப்பட்டது. எண்ணெய் கொன்றதினும் அதிகமான பாறைச் சிப்பிகளையும் நத்தைகளையும் அம்மருந்தே கொன்றது.

நீரிறைக்கும் இஞ்சின்களில் ஊற்றும் டீசல் எண்ணெயிலும் மேற்படி கனமான பொருள்கள் உண்டு. அது குளத்திற் சிந்திவிட்டால், சவுக்காரத்தைக் கொட்டாமலும் மதகைத் திறக்காமலும், வைக்கோற்புரியால் வளைத்துக் கரையோரம் ஒதுக்கி, உலர்ந்த வைக்கோலில் ஊறவிட்டு அள்ளுக. நனைந்த வைக்கோலை மழைநீர் மீண்டும் குளத்திற்குக் கொண்டுவராத இடத்தில் அகற்றுதல் வேண்டும்.