மரக்கறி வற்றலும் விதையும்: கோடையில் உலர்த்தி மாரிக்குப் பேணும் முறை

யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் வன்னிப் பகுதியிலும் கிணற்று நீர் இறைத்து மரக்கறி செய்யும் கமக்காரர் ஒவ்வொருவரும் நன்கறிந்த நட்டம் ஒன்றுண்டு. மாசி தொடக்கம் ஆடி வரையுள்ள மாதங்களிற் கத்தரி, பாகல், வெண்டி, பயிற்றை என்பன ஒருங்கே காய்த்துச் சந்தையை நிரப்பும் நாட்கள் வருகின்றன. விலை வீழ்ந்து, ஆய்வதற்குரிய கூலிக்கும் ஏற்றுக் கூலிக்கும் போதாதபோது காய்கள் செடியிலேயே முற்ற விடப்படுகின்றன. அன்றேல் மாட்டுக்குப் போடப்படுகின்றன. ஐப்பசியில் வடகீழ்ப் பருவக்காற்று மழை தொடங்கியதும் அதே குடும்பம் அதே கத்தரிக்காயைப் பன்மடங்கு விலைகொடுத்து வாங்குகின்றது. 2008 ஆம் ஆண்டு கார்த்திகையில் நிஷா புயல் பெய்வித்த மழையினால் குடாநாட்டுத் தோட்டங்கள் வெள்ளத்துள் அமிழ்ந்தன. அத்தகைய நாட்களில் வீட்டுப் பரணிலுள்ள ஒரு போத்தல் வற்றலும் ஒரு சிறங்கை விதையும் எவ்வளவு பெறுமதியுடையன என்பதை விளக்க வேண்டியதில்லை.

வற்றலிடும் தொழில் எமது பெண்களுக்குப் புதியதன்று. எனினும் கோடையில் நன்றாகக் காய்ந்த வற்றல் மார்கழியிற் பூஞ்சணம் பிடிப்பதும், கவனமாக எடுத்து வைத்த விதை முளையாது போவதும் பல வீடுகளிற் காணப்படுகின்றன. இரண்டிற்கும் காரணம் ஒன்றே. பொருளினுள் எஞ்சி நின்ற நீர், அல்லது பின்னர் காற்றிலிருந்து அது உறிஞ்சிக்கொண்ட நீர். எத்தனை நாள் வெயிலிற் கிடந்தது என்பதன்று கணக்கு; எவ்வளவு நீர் வெளியேறியது என்பதே கணக்கு.

காயில் உள்ள நீர்

கத்தரிக்காயின் நிறையில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கிற்கு மேல் நீராகும். ஆகவே 10 கிலோகிராம் கத்தரிக்காய் முறையாகக் காயுமாயின் ஏறக்குறைய 1 கிலோகிராம் வற்றலே கிடைக்கும். இரண்டு கிலோகிராம் கிடைத்ததென மகிழ்பவர் உண்மையில் ஒரு கிலோகிராம் நீரைச் சேமித்து வைக்கின்றார். பூஞ்சணம் வளர்வதற்கு அந்த நீர் தாராளமாகப் போதும்.

தடித்த துண்டுகளை நடுப்பகற் கடும் வெயிலிற் சீமெந்துத் தரையிலோ தகரத்திலோ இடும்போது அவற்றின் மேற்புறம் விரைவில் வரண்டு தோல்போல் இறுகிவிடும். உள்ளேயுள்ள நீர் வெளியேற வழியின்றி அடைபட்டுக் கிடக்கும். கையாற் பார்த்தால் காய்ந்ததாகவே தோன்றும். எனவே துண்டுகள் மெல்லியனவாகவும் ஒரே அளவினவாகவும் இருத்தல் வேண்டும். 5 மில்லிமீற்றர் தடிப்பு போதுமானது. பனாட்டுச் செய்பவர்கள் பனங்களியை ஒரே நாளில் தடிப்பாக ஊற்றுவதில்லை. முதல்நாள் ஊற்றிய படை காய்ந்த பின்னரே அதன்மேல் மறுநாட் படையை ஊற்றுவர். பாயையும் நிலத்தில் விரியாது, பந்தலின்மேல் விரிப்பர். மெல்லிய படை, கீழும் மேலும் காற்று என்ற இவ்விரு விதிகளும் எல்லா வற்றலுக்கும் பொருந்தும்.

நான்கு கால் நட்டு இடுப்பளவு உயரத்தில் தடிகளைப் பரப்பி, அதன்மேல் ஓலைப் பாயை விரித்தால் உலர்த்தும் மேடை ஆயத்தமாகிவிடும். ஒரு சதுர மீற்றர் பாயில் 4 கிலோகிராமுக்கு மேற் பரப்பலாகாது. இலையான் மொய்க்காதவாறு மெல்லிய வலைத்துணியால் மூடுக. தார் வீதியின் ஓரத்தில் உலர்த்தும் வழக்கத்தை அறவே கைவிடல் வேண்டும்; வாகனத் தூசியும் புகையும் கலந்த உணவை விலைகொடுத்தும் எவரும் வாங்கார். மாலையிற் பனி இறங்குமுன் எல்லாவற்றையும் வீட்டினுள் எடுக்க வேண்டும். பகல் முழுதும் வெளியேறிய நீரில் ஒரு பங்கை ஓர் இரவுப் பனி திருப்பிக் கொடுத்துவிடும்.

அவித்துக் காயவைத்தல்

கத்தரியை வெட்டியவுடன் உப்பு நீரில் இடாவிட்டாற் கறுத்துவிடும் என்பதை யாவரும் அறிவர். காயினுள் உள்ள நொதியங்கள் காற்றுடன் சேர்ந்து செய்யும் மாற்றமே அக்கறுப்பாகும். உப்பு நீர் அதனைச் சிறிது நேரம் தடுக்கும். வெப்பமே முற்றாக நிறுத்தும். ஆதலால் வெட்டிய கத்தரி, பயிற்றை, வெண்டி என்பவற்றைக் காயவைக்குமுன் சிறிது அவித்துக்கொள்வது நன்று. கொதிநீரில் மூன்று நிமிடம் அமிழ்த்தி எடுக்கலாம். அதனினும் மேலானது ஆவியில் அவித்தலாகும். ஏனெனில் நீரிற் கரையும் உயிர்ச்சத்துக்கள் கொதிநீருடன் வீணே ஊற்றப்படா. இதற்குப் புதிய ஏனம் எதுவும் வாங்க வேண்டியதில்லை. பிட்டு அவிக்கும் நீற்றுப்பெட்டியில் துண்டுகளைத் தளர்வாக இட்டு நான்கைந்து நிமிடம் ஆவி பிடிக்கச் செய்தாற் போதும். குழைய அவித்துவிடலாகாது.

பாகற்காயை வட்டமாக அரிந்து, முற்றிய விதைகளை நீக்கி, உப்பும் மஞ்சளும் பிசறி ஒரு மணி நேரம் வைத்து, வடிந்த நீரை ஊற்றிவிட்டுக் காயவிடுக. மோர் மிளகாய்க்கு நன்கு விளைந்த பச்சை மிளகாயை நுனியிற் கீறி, உப்பிட்ட புளித்த மோரில் இரவு ஊறவிட்டு, பகலிற் காயவைத்து, மாலையில் மீண்டும் அதே மோரில் இடுவர். மோர் முழுவதும் உறிஞ்சப்பட்ட பின்னர் சருகாகும்வரை காயவைப்பர். பங்குனி, சித்திரையில் உதிரும் வேப்பம்பூவைத் துணி விரித்துச் சேர்த்து உழுந்துடன் வடகமாக்கும் முறையை நான் எழுதுவது மிகை. அதனை என்னிலும் நன்கறிந்தோர் ஒவ்வொரு வீட்டிலும் உளர். முருங்கையிலை போன்ற கீரைகளை மட்டும் வெயிலிற் போடாது, காற்றோட்டமுள்ள நிழலிற் காயவைத்தல் வேண்டும். அவற்றிலுள்ள உயிர்ச்சத்து ஏ, கடும் வெயிலில் அழிந்துபடும்.

செத்தல் மிளகாயும் பூஞ்சணமும்

இதனைச் சிறிது விரித்துச் சொல்ல வேண்டியுள்ளது. பழுத்த மிளகாயை ஆய்ந்ததும் நிழலில் ஒன்றிரண்டு நாள் குவித்து வைத்தால் நிறம் ஒருமித்துச் சிவக்கும். அதற்கு மேலும் வைத்தலோ, மழையில் நனைந்த பழங்களைக் குவித்தலோ கேடாகும். காம்பை நீக்காது உலர்த்துக. காம்பு கழன்ற துவாரத்தினூடாகவே பூச்சியும் பூஞ்சணமும் உட்புகும். 100 கிலோகிராம் பழத்திலிருந்து 25 முதல் 35 கிலோகிராம் வரை செத்தல் கிடைக்கும். காதருகே குலுக்கும்போது விதை கலகலவென ஒலித்தல் வேண்டும்.

மழைக் குணத்தில் அரைகுறையாகக் காய்ந்த மிளகாயிலும், நிலக்கடலையிலும், கொப்பராவிலும் மஞ்சளும் பச்சையும் கலந்த பூஞ்சணம் ஒன்று வளர்கின்றது. 1960 ஆம் ஆண்டு இங்கிலாந்தில் நூறாயிரத்திற்கும் மேற்பட்ட வான்கோழிகள் இறந்தன. அவற்றுக்கு ஊட்டிய நிலக்கடலைப் பிண்ணாக்கில் இப்பூஞ்சணம் சுரந்த நஞ்சே காரணமெனப் பின்னர் அறியப்பட்டது. அப்ளாடொக்சின் எனப்படும் இந்நஞ்சு ஈரலைத் தாக்குவது. நெடுங்காலம் சிறிது சிறிதாக உண்பவருக்கு ஈரற் புற்றுநோயை விளைவிக்க வல்லது. சமைக்கும் வெப்பத்தில் இது அழிவதில்லை. பூஞ்சணத்தைத் துடைத்துவிட்டு, வறுத்து இடித்துத் தூளாக்கினால் நிறமும் மணமும் திரும்பலாம். நஞ்சு அதனுள்ளேயே இருக்கும். பூஞ்சணம் பிடித்ததை மாட்டுக்குப் போடலாம் என எண்ணுவதும் தவறு. உண்ட பசுவின் பாலிலும் அந்நஞ்சு வெளிப்படுகின்றது. அப்பாலை அருந்துவது வீட்டுக் குழந்தையே. அத்தகைய பொருளைப் புதைத்துவிடல் வேண்டும். இதிற் சிக்கனம் பார்த்தல் தகாது.

விதை வற்றலன்று

வற்றலிடும் பாயிலேயே ஒரு மூலையில் விதையையும் பரப்பிவிடுவது வழக்கமாயுள்ளது. வற்றல் உயிரற்றது, விதை உயிருள்ளது. ஈர விதை 40 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டைத் தாங்காது. நடுப்பகலில் சீமெந்துத் தரையின் சூடு அதனை எளிதிற் கடந்துவிடும். கத்தரியில் நோயற்ற நல்ல செடியைத் தெரிந்து, காயை மஞ்சளாகும்வரை செடியில் விட்டு, விதையைப் பிரித்துக் கழுவி, முதல்நாள் நிழலிலும் அடுத்த நாட்களிற் காலை வெயிலிலும் சுளகில் மெல்லியதாகப் பரப்பி உலர்த்துக. விதையின் ஈரப்பதன் ஒரு சதவீதம் குறையுந்தோறும் அதன் ஆயுள் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பது விதை பேணுவோர் கைக்கொள்ளும் பொது விதியாகும். கலப்பின விதையிலிருந்து வந்த செடிகளில் விதை எடுக்க வேண்டாம். அடுத்த தலைமுறை தாயை ஒத்திராது.

ஈரத்தை அறிய வீட்டிலுள்ள உப்பே போதும். நன்கு காய்ந்த உப்புத் தூளில் ஒரு கரண்டியையும், சோதிப்பதற்கென எடுத்த ஒரு பிடி விதையையும் உலர்ந்த கண்ணாடிப் போத்தலில் இட்டுச் சில நிமிடம் குலுக்கி, பத்து நிமிடம் வைத்துப் பார்க்கவும். உப்பு போத்தலின் சுவரில் ஒட்டினால் ஈரம் 15 சதவீதத்திற்கு மேலுள்ளது. ஒட்டாவிடினும் உடனே மூடி வைத்துவிடலாகாது. விதைநெல் 13 சதவீதத்திற்கும், மரக்கறி விதை அதனினும் வெகுவாகக் கீழும் இறங்க வேண்டுமாதலால், மேலும் இரண்டொரு நாள் உலர்த்துக. பூசணி விதை வளையாது முறிந்தால் அது காய்ந்துவிட்டது. கௌபி, பயறு என்பவற்றை வண்டு துளையாதிருக்க, ஒரு கிலோகிராமுக்கு 5 மில்லிலீற்றர் வேப்பெண்ணெய் பூசி வைக்கலாம்.

சேமிக்கும் ஏனங்கள்

கடகமும் பெட்டியும் உலர்த்துவதற்கும் ஏந்துவதற்கும் ஏற்றவை. மாரியிற் பேணுவதற்கு ஏற்றவையல்ல. ஓலையின் இடுக்குகளினூடாக ஈரக்காற்று தடையின்றிப் புகும். மண்பானையும் அவ்வாறே. மெல்லிய பொலித்தீன் பையைப் பூச்சி துளைத்துவிடும். இறுக மூடும் கண்ணாடிப் போத்தல்களே சிறந்தவை. அவையும் சிறியனவாயிருத்தல் நன்று; ஒரு பெரிய தகரப் பேணியை நாள்தோறும் திறக்கும்போது அடியிலுள்ள வற்றலும் நாள்தோறும் ஈரக்காற்றை உண்கின்றது. போத்தலை வாய்வரை நிரப்புக. உப்பிட்ட வற்றலில் இக்கவனம் இரட்டிப்பாக வேண்டும். கார்த்திகையில் உப்புச்சாடி கசிவதை அடுக்களையிற் காண்கின்றோம்; வற்றலில் ஏறிய உப்பும் அவ்வாறே காற்றிலுள்ள நீரை இழுக்கும்.

வற்றலைப் போத்தலில் இட்டு மூடிய மறுநாள் கண்ணாடியின் உட்புறத்தைப் பார்க்கவும். நீர்த்துளி படிந்திருப்பின் வெளியே எடுத்து மீண்டும் காயவைக்கவும். விதைப் போத்தலின் அடியில், கருகும்வரை வறுத்து ஆறிய அரிசியை ஒரு சிறு துணியில் முடிந்து இட்டால், உள்ளேயுள்ள ஈரத்தை அது வாங்கிக்கொள்ளும். அரிசியை மாதம் ஒருமுறை மீண்டும் வறுத்து இடலாம். பயிரின் பெயர், வர்க்கம், எடுத்த மாதம் ஆகியவற்றை எழுதி ஒட்டுக. மழைக்காலத்திற் சோதித்துப் பார்க்க விரும்பினால் மழை விட்டு வெயில் எறிக்கும் நாளின் நண்பகலிலேயே மூடியைத் திறக்கவும். மழை பெய்துகொண்டிருக்கும் மாலையில், கறிக்குத் தேவையான சிறு போத்தல் தவிர வேறெதனையும் திறவாதிருத்தல் வேண்டும். விதைப்பதற்கு இரு கிழமைக்கு முன் நூறு விதைகளை ஈரச் சாக்கில் மடித்து வைத்து முளைத்தவற்றை எண்ணவும். எண்பதிற்குக் குறையுமாயின் நாற்றுமேடைக்கு விதையைச் சற்றுக் கூட்டி இடலாம். ஐம்பதிற்கும் குறையுமாயின் வேறு விதை தேடிக்கொள்ள அவ்விரு கிழமை போதும்.